பெரிய ஊரில் வேலை பார்த்துக்கொண்டே வரைவதற்கும் எழுதுவதற்கும் நேரம் எங்கிருந்து எடுக்கிறீர்கள்?

சென்னைக்கு வேலைக்கு வந்தபின் படம் வரைவது நின்றுபோய்விட்டது, அறையில் இடமில்லை, நேரமில்லை, தெருவில் உட்கார்ந்து வரையக் கூச்சமாக இருக்கிறது, மற்றவர்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் இருப்பது புதுச்சேரியில். சென்னை அளவுக்குப் பெரிசு இல்லை, ஆனால் பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்புகளுக்கு நடுவில் இருக்கிற கிராமத்திலிருந்து கல்யாணமாகி வந்த எனக்கு இது பெரிய ஊர்தான். கணக்கு எழுதும் வேலை, பள்ளிக்கூடம் போகும் பையன், மாமியார், இரண்டு அறை வீடு. பேனாவில் தெருக்களையும் பழைய வீடுகளையும் வரைகிறேன். பல வருஷமாக விடாமல் வரைகிறேன் என்பதால் பதில் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

நான் கண்டது ஒன்றுதான். நேரத்தை வீட்டுக்குள் தேடினால் கிடைக்காது. வீட்டுக்குள் எந்த அரைமணி நேரத்தை ஒதுக்கினாலும் அதற்குள் ஒரு பாத்திரமோ ஒரு போன் அழைப்போ வந்து உட்கார்ந்துகொள்ளும், பெண்ணாக இருந்தால் கேட்கவே வேண்டாம். ஆனால் ஊர் தன் பாட்டுக்குச் சில நேரங்களையும் சில இடங்களையும் எல்லோருக்குமாகத் திறந்து வைத்திருக்கிறது, காசு இல்லாமல், அனுமதி கேட்காமல். அதில் எது உங்கள் அலுவலக நேரத்துக்கு ஒத்து வருகிறது என்று பார்த்து, அங்கே போய் உட்கார்ந்துவிடுவதுதான் வழி.

இங்கே பீச் ரோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கூபேர் அவென்யூ என்று பெயர், சுமார் ஒன்றரை கிலோமீட்டர். மாலை 6 மணிக்குத் தடுப்பைப் போட்டு வண்டிகளை நிறுத்தினால் மறுநாள் காலை 7.30 வரை அந்தச் சாலை நடப்பவர்களுக்குத்தான். அலுவலகம் விட்டதும் டெம்போ பிடித்து நேராக அங்கே இறங்கிவிடுவேன். வீட்டுக்குப் போய், முகம் கழுவி, காபி குடித்துவிட்டு அப்புறம் போகலாம் என்று நினைத்தால் அன்றைக்குப் போவது நடக்காது. காந்தி சிலையைச் சுற்றி நிற்கிற செஞ்சிக் கருங்கல் தூண்களை வரைந்துதான் கல்லின் கனத்தைக் கோட்டில் கொண்டுவரக் கற்றுக்கொண்டேன். பக்கத்தில் பழைய கலங்கரை விளக்கம், 1836-ல் முதல் முறை ஏற்றியது, இப்போது எரிவதில்லை. நடந்துகொண்டே இருக்கிற ஆட்களை வரைய அந்தச் சாலையைவிட நல்ல இடம் கிடையாது. ஒருவர் தாண்டிப் போய்விட்டால் கவலை வேண்டாம், அதே மாதிரி வயிறும் அதே மாதிரி நடையுமாக இன்னொருவர் பின்னாலேயே வருவார்.

சனி, ஞாயிறு மட்டும் அங்கே போகாதீர்கள். சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வந்த கூட்டத்தில் உட்காரக் கைப்பிடிச் சுவர்கூடக் கிடைக்காது. செவ்வாய், புதன்தான் உள்ளூர்க்காரர்களின் நாள். உங்கள் ஊரிலும் இப்படி ஒரு கணக்கு இருக்கும், பெசன்ட் நகர் கடற்கரை எந்த நாளில் உங்களுக்குக் கிடைக்கும் என்று நீங்களே பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை எனக்கு வேறு வேலை. வைசியாள் வீதி, அதைச் சுற்றியிருக்கும் தமிழர் பகுதித் தெருக்கள். கடற்கரைப் பக்கத்து மஞ்சள் சுவரையும் காகிதப்பூக் கொடியையும் எல்லோரும் போட்டோ எடுக்கிறார்கள், எடுக்கட்டும், எனக்கு அதைவிட இந்த வீடுகள்தான் பிடிக்கும். கீழே திண்ணை, மரத்தூண் வைத்த தாழ்வாரம், உள்ளே முற்றம் என்று முழுக்க நம்மூர் வீடு, மாடியில் மட்டும் வளைவு வைத்த சன்னலும் மரச் சட்டம் போட்ட கதவும் என்று பிரெஞ்சுக்காரர் வீடு. ஒரே சுவரில் இரண்டு கைவேலையும் தெரியும். 1761-ல் ஆங்கிலேயர்கள் ஊரின் பெரும்பகுதியை இடித்துத் தரைமட்டமாக்கிவிட்டார்கள், நாம் இப்போது பார்க்கிற பழைய புதுச்சேரியில் பெரும்பாலானது அதற்குப் பிறகு திரும்பக் கட்டியதுதான். ஆனால் நேர்நேராக ஓடும் தெருக்களின் அமைப்பு அதற்கும் முந்தியது, 1693 முதல் 1699 வரை ஊர் டச்சுக்காரர்கள் கையில் இருந்தபோது போட்ட திட்டம் என்கிறார்கள். வரைகிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய உதவி தெரியுமா? தூரத்தைத் தாளில் காட்டுகிற பர்ஸ்பெக்டிவ் புரியவில்லை என்று புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்த எனக்கு, கிழக்கே பார்த்த தெரு நடுவில் நின்றதும் புரிந்துவிட்டது. இரண்டு பக்கத்து மாடிக் கோடுகளும் சரிந்து சரிந்து கடைசியில் கடல் தெரிகிற ஒரே புள்ளியில் போய்ச் சேரும்.

வெளிச்சத்தைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன், இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. கிழக்குக் கரை ஊர்களில் கடலைப் பார்த்த முகப்புகளுக்குக் காலை 8 மணிக்கு முன்னால்தான் நல்ல வெயில். மாலையில் அதே முகப்பு நிழலுக்குள் போய்த் தட்டையாகிவிடும். மாலையில் வரைவதென்றால் மேற்கே பார்த்த சுவராகப் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் வெளியே உட்காரவே முடியாது, அப்போது நான் ரயில் நிலையத்துக்கோ ரோமன் ரோலன் நூலகத்துக்கோ போய்விடுவேன். 1827-ல் தொடங்கிய நூலகம் அது. நாளிதழ் படிக்கிற பெரியவர்கள் அசையாமல் உட்கார்ந்திருப்பார்கள், வரைய அதைவிட நல்ல முகங்கள் கிடைக்குமா?

சரி, கூச்சம். பெண்கள் இதைக் கேட்டால் எனக்கு நன்றாகவே புரியும், ஏனென்றால் ஆண் ஒருவர் தெருவில் உட்கார்ந்து வரைந்தால் ஓவியர் என்பார்கள், பெண் உட்கார்ந்தால் யாருக்காகக் காத்திருக்கிறாள் என்று பார்ப்பார்கள். முதுகுக்குப் பின்னால் சுவர் இருக்கிற இடமாகப் பார்த்து உட்காருங்கள், பின்னால் ஆள் வந்து நிற்காது. பூக்காரம்மாவோ டீக்கடையோ இருக்கிற தெருமுனையாக இருக்கட்டும். ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போங்கள். மூன்றாவது முறை போகும்போது அந்தத் தெருவே உங்களுக்குக் காவலாகிவிடும். வைசியாள் வீதிப் பக்கம் ஒரு திண்ணையில் ஆயா ஒருத்தர் உட்கார்ந்திருப்பார். முதலில் "என்ன கண்ணு எழுதுற, சர்வேயா?" என்றார். வீட்டைத்தான் வரைகிறேன் ஆயா என்று நோட்டைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அந்தத் தூணு இவ்ளோ மெலிசா இருக்காது, எங்க மாமனார் பர்மாத் தேக்குல போட்டது" என்றார். அவர் சொன்னது சரிதான், தடிமனாக்கினேன். அதற்கப்புறம் யாராவது என் பக்கத்தில் தேவையில்லாமல் நின்றால் அவரே "இன்னாய்யா வேணும்?" என்று விரட்டிவிடுவார்.

இந்த வீடுகளை வரைவதில் எனக்கு ஒரு பதைப்பும் உண்டு. 2014 நவம்பர் கடைசியில் பெய்த மழையில் கடற்கரைச் சாலையில் இருந்த மேரி கட்டடம், பழைய நகர மன்றம், இடிந்து விழுந்தது. அதே தோற்றத்தில் திரும்பக் கட்டி 2021-ல் திறந்தார்கள், நல்ல காரியம். ஆனால் தனியார் வீடு விழுந்தால் அந்த இடத்தில் கண்ணாடி வைத்த மூன்று மாடிதான் வருகிறது. என் நோட்டுகளில் இருக்கிற சில வாசல்கள் இப்போது தெருவில் இல்லை. பொழுதுபோக்கு என்று தொடங்கியது, இன்றைக்கு எனக்கு அப்படித் தெரிவதில்லை.

பொருளைப் பற்றி. இங்கே அரவிந்தர் ஆசிரமத்தின் கையால் செய்யும் காகித ஆலை 1959-லிருந்து நடக்கிறது. பருத்தித் துணி வெட்டுத்துண்டுகளைக் கூழாக அரைத்து, சல்லடைச் சட்டத்தில் ஒவ்வொரு தாளாக அள்ளி, அழுத்திப் பிழிந்து, உலர்த்தி எடுக்கிறார்கள். பஞ்சு நார் நீளமானது, அதனால் தண்ணீர் வைத்து வண்ணம் பூசினாலும் லேசில் கிழியாது. ஆனால் கூர்மையான நிப்புக்குச் சொரசொரப்பு ஒத்துவராது, நார் மாட்டிக்கொண்டு மை சிதறும். அதற்குப் பிரஷ் பேனா நல்லது. தினசரிப் பழக்கத்துக்கு இதெல்லாம் வேண்டவே வேண்டாம், பள்ளிக்கூடப் பையன்களின் கோடு போடாத நோட்டும் ஒரு ஜெல் பேனாவும் போதும். தாள் விலை அதிகம் என்றால் கை பயப்படும்.

மண்ணில் செய்ய ஆசை இருந்தால் எங்கள் பக்கம் கொடுத்து வைத்தது. வில்லியனூர் சுடுமண் சிற்பத்துக்கும் திருக்கனூர் காகிதக்கூழ் பொம்மைகளுக்கும் புவிசார் குறியீடே இருக்கிறது, 1971-ல் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியில் பழகியவர்கள் பலர் பிறகு தனித்தனியாகச் சூளை போட்டிருக்கிறார்கள். ஆனால் வார இறுதியில் இரண்டு மணி நேரப் பயிற்சிப் பட்டறை என்று நிறைய நடக்கிறதே, அதைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. ஒரு கிண்ணத்தோடு வீட்டுக்கு வருவீர்கள், கை பழகியிருக்காது. அந்தப் பணத்துக்கு ஒரு குயவர் வேலை செய்கிற இடத்தில், அவர் சம்மதித்தால், மாதம் இரண்டு மூன்று தடவை போய் மண் பிசைந்து கொடுத்துக்கொண்டு பார்த்துக் கற்றுக்கொள்வது எவ்வளவோ மேல்.

"நல்லா வரையிறியே, இதை வெச்சே சம்பாதிக்கலாமே" என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். அன்பாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் கல்யாணப் பரிசுக்கு ஜோடிப் படம் வரைந்து கொடு என்று ஆரம்பித்தால், களைத்துப்போய் வீடு திரும்புகிற ஒருவருக்கு அது இரண்டாவது அலுவலகம். உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே இதற்கு ஒரு வழிகாட்டி இருக்கிறது. 1966-ல் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டல ஓவியர் கிராமத்தை அமைத்தவர்கள் பாத்திக் (மெழுகு வைத்துச் சாயம் ஏற்றும் துணி) போன்ற கைவினைப் பொருட்களைச் செய்து விற்றுத்தான் நிலம் வாங்கினார்கள், பிழைப்புக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டதால் ஓவியத்தில் யாருக்கும் பணியாமல் இருக்க முடிந்தது. நமக்குச் சம்பளம் என்று ஒன்று வருகிறது இல்லையா, வரைவதை அதன் பாட்டுக்கு விட்டுவிடலாம். சோழமண்டலத்துக்கு ஒருநாள் போய்ப் பாருங்கள், ஈசிஆர் பஸ் வாசலிலேயே நிற்கும்.

வேலை அதிகம் என்பவர்களுக்கு நான் சொல்வது ஆனந்தரங்கப் பிள்ளையை. பிரெஞ்சுக் கம்பெனிக்குத் துபாஷி, அதாவது மொழிபெயர்ப்பாளரும் தரகரும், சொந்த வியாபாரம், குடும்பம், நடுவே போர்கள். அத்தனைக்கும் இடையில் 1736-லிருந்து 1761-ல் இறக்கும்வரை நாட்குறிப்பு எழுதியிருக்கிறார். அவர் வீடு பெரிய மார்க்கெட் பக்கத்தில் இன்னும் நிற்கிறது, காய்கறி வாங்கப் போகும்போது அந்தத் தெரு வழியாகத்தான் போவேன்.

வீட்டில் எப்படி ஒத்துக்கொண்டார்கள் என்று கேட்பீர்கள். விளக்கு வைக்கிற நேரத்தில் வெளியே என்ன வேலை என்று அத்தைக்கு வருத்தம்தான். சண்டை போடவில்லை, "நீங்களும் வாங்க அத்தை" என்று கூட்டிப் போனேன். இப்போது நான் நேராக அலுவலகத்திலிருந்து வர, அவர் பையனைக் கூட்டிக்கொண்டு வீட்டிலிருந்து வந்துவிடுகிறார். அங்கே அவருக்குக் குருசுக்குப்பத்திலிருந்து வருகிற இரண்டு சிநேகிதிகள். சுண்டல், பேச்சு, காற்று. போன மார்கழியில் என் நோட்டை வாங்கி நடுப்பக்கத்தில் ஒரு சிக்குக் கோலம் போட்டார், கை எடுக்காமல், அழிக்காமல், புள்ளி ஒன்று பிசகாமல். பேனாவில் அப்படி ஒரு கோடு என்னால் இன்னும் இழுக்க முடியவில்லை. ஓய்வு நேரம் என்பதை எனக்கு மட்டும் என்று பிடித்துவைத்திருந்தால் இது கிடைத்திருக்காது. சில மாலைகளில் நோட்டைத் திறக்காமலே அவர்களோடு பேசிக்கொண்டிருந்துவிட்டு வந்துவிடுவேன், அதையும் வீணான நேரமாக நான் நினைப்பதில்லை.

உங்களுக்குச் சென்னையில் இதைவிட வசதி அதிகம். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகம் கொண்டுபோய் உட்காரத் தனிப் பகுதி இருக்கிறது, எழுதுகிறவர்களுக்கு அது போதும். வரைவதற்கு எழும்பூர் அருங்காட்சியகம், பக்கத்திலேயே கன்னிமாரா நூலகம், மாலையில் மயிலாப்பூர்க் குளக்கரை. அலுவலகத்திலிருந்து அறைக்குப் போகும் வழியில் எது வருகிறது என்று பாருங்கள், எதிர்த்திசையில் இருப்பதைத் தேர்ந்தெடுக்காதீர்கள், எவ்வளவு அழகாக இருந்தாலும். வாரத்தில் ஒரு வேலைநாளைக் குறித்துக்கொண்டு, அன்றைக்கு நோட்டையும் பேனாவையும் காலையிலேயே சாப்பாட்டுப் பையில் போட்டுவிடுங்கள். எந்த இடம் என்று முடிவானதும் கமெண்டில் சொல்லுங்கள், அங்கே எந்த நேரத்தில் வெளிச்சம் எந்தச் சுவரில் விழும், எதிலிருந்து தொடங்கலாம் என்று எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.