ஸ்டே கிடைக்காது, விரிசலைப் படம் எடுத்துவிட்டீர்களா?

வடசென்னை எர்ணாவூரிலிருந்து ஒரு வாசகி கேட்டிருப்பது, சுருக்கமாக: "ஏழு மாசத்துக்கு முன்னாடி எங்க தெருவுல மழைநீர் வடிகாலுக்குப் பள்ளம் தோண்டினாங்க. ராத்திரி பகலா மோட்டார் வெச்சுத் தண்ணி இறைச்சாங்க. நாலாவது நாளே முன்சுவர் விரிசல் விட்டுச்சு. நாலு மாசம் பள்ளத்தை மூடல, வாசல்ல போட்டிருந்த இட்லிக் கடை போச்சு. இப்போ வடிகால் மூடி எங்க வாசப்படியை விட ஒரு அடி உசரம். மூணு மாசமா மழையே இல்லாத நாள்லயும் அதுல கறுப்புத் தண்ணி ஓடுது. கேட்டா ஜே.இ. (ஜூனியர் இன்ஜினியர்) காண்ட்ராக்டரைக் காட்டுறாரு, காண்ட்ராக்டர் பட்டா இருக்கான்னு கேக்குறாரு. பட்டா இல்ல. அடுத்த தெருவுலயும் தோண்டப் போறாங்க. ஸ்டே வாங்க முடியுமா, நஷ்டஈடு கிடைக்குமா?"

ஸ்டே விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம், ஏனென்றால் அதற்காக அலைந்தே பலர் காலத்தைத் தொலைக்கிறார்கள். சிவில் கோர்ட்டில் கிடைக்காது. ஸ்பெசிஃபிக் ரிலீஃப் சட்டத்தில் 2018-ல் 20-ஏ, 41-எச்.ஏ. என்று இரண்டு பிரிவுகளைச் சேர்த்தார்கள். உள்கட்டமைப்புத் திட்டம் தாமதமாகும் என்றால் நீதிமன்றம் தடை கொடுக்கக் கூடாது என்பது அவற்றின் சாரம். எவையெல்லாம் உள்கட்டமைப்பு என்று அட்டவணையும் உண்டு, அதில் மழைநீர் வடிகாலும் இருக்கிறது. அரசு அலுவலகங்களுக்கு எதிராக நேரே ஹைகோர்ட்டில் போடும் ரிட் மனுவுக்கு இந்தப் பிரிவுகள் நேரடியாகப் பொருந்தாது, ஆனாலும் அதன் நோக்கத்தை ரிட் நீதிமன்றங்களும் மனத்தில் வைக்க வேண்டும் என்று 2022-ல் ஒரு டெண்டர் வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. உண்மையைச் சொன்னால், 2021 நவம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் மணலி புதுநகர் மூழ்கியதைப் பார்த்தபின் வடிகாலே வேண்டாம் என்று வாதாட எனக்கும் மனசு வராது. நம் சண்டை வடிகாலோடு இல்லை, அதை வெட்டிய விதத்தோடு.

அடுத்த தெருக்காரர்கள் "நிறுத்து" என்று கேட்பதை விட்டுவிட்டு, பள்ளத்துக்கு முட்டு கொடு, வேலை தொடங்கும் முன் ஒவ்வொரு வீட்டின் நிலையையும் பதிவு செய், மூடியின் மட்டத்தை வாசலோடு ஒப்பிட்டுச் சொல் என்று இன்றைக்கே எழுதிக் கொடுக்கட்டும். நம் கடலோரம் முழுக்க மணல், கொஞ்சம் தோண்டினாலே ஊற்று. முட்டு கொடுக்காமல் பம்பு போட்டால் தண்ணீரோடு சேர்ந்து அஸ்திவாரத்தடி மணலும் போய்விடும், அப்புறம் சுவர் இறங்காமல் என்ன செய்யும்? உங்கள் வீட்டில் நடந்தது பெரும்பாலும் இதுதான் என்று நினைக்கிறேன். ஆனால் இதை ஒரு தகுதி பெற்ற கட்டடப் பொறியாளர் நேரில் பார்த்துக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும், வக்கீல் சொன்னால் செல்லாது.

இப்போது நஷ்டஈடு. இதில் உங்களுக்குத் தெரியாத ஒரு கெடு ஓடிக்கொண்டிருக்கிறது. மூன்று வருஷம் டைம் இருக்கிறது என்று டீக்கடையிலிருந்து சில வக்கீல் ஆபீஸ் வரை சொல்வார்கள். காலவரையறைச் சட்டத்தின் 72-ஆவது உறுப்பு வேறு கதை சொல்கிறது: ஒரு சட்டத்தின்படி செய்ததாகச் சொல்லப்படும் செயலுக்கு நஷ்டஈடு கேட்க ஒரே வருஷம்தான். எதிர்த்தரப்பு முதல் வேலையாக அதைத்தான் எடுத்து நீட்டும். விரிசல் இன்னும் வளர்கிறது, பாதிப்பு தொடர்கிறது என்று அதே சட்டத்தின் 22-ஆவது பிரிவை வைத்து வாதிடலாம்தான், ஆனால் அந்த வாதத்தை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். ஏழு மாசம் போய்விட்டது. வழக்குக்கு முன் கொடுக்கும் நோட்டீசுக்கே இரண்டு மாசம் ஒதுக்க வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள், இந்த வாரமே நோட்டீஸ் போயாக வேண்டும்.

ஜே.இ. காண்ட்ராக்டரைக் காட்டுவதும் காண்ட்ராக்டர் ஆபீசைக் காட்டுவதும் உங்களைச் சோர்ந்துபோக வைக்கிற விளையாட்டு. வேலையைக் கொடுத்த அலுவலகம், காண்ட்ராக்டர் இரண்டு தரப்பையும் பிரதிவாதியாகப் போடுங்கள். அடுத்தவர் அஸ்திவாரத்தை ஒட்டித் தோண்டுவது போன்ற அபாயமான வேலையைக் கொடுத்தவர், காண்ட்ராக்டர் தலையில் கட்டிவிட்டு ஒதுங்க முடியாது. வேலையில் குறை தெரிந்தால் காண்ட்ராக்டரே சரிசெய்து தர வேண்டிய குறைபாட்டுப் பொறுப்புக் காலம் முடியும்வரை காண்ட்ராக்டரின் பணத்தில் ஒரு பகுதியைப் பிடித்து வைப்பது வழக்கம். உங்கள் புகார் அந்தக் கோப்பில் ஏறிவிட்டால் அவருக்குத் தானாகவே காது கேட்கும்.

பட்டா கேள்வி மிரட்டல்தான். நீங்கள் நிலத்துக்கு விலை கேட்கவில்லை, சுவரைக் கெடுத்ததற்கும் பிழைப்பைக் கெடுத்ததற்கும் கேட்கிறீர்கள். அதற்கு அனுபவத்தில் இருப்பதைக் காட்டினால் போதும்: வீட்டு வரி ரசீது, கரண்ட் பில், ரேஷன் கார்டு, குடிநீர் வரி. நிலம் புறம்போக்கு என்றால் வாதம் கொஞ்சம் கடினமாகும், மறைக்க மாட்டேன். ஆனாலும் கட்டிய சுவர் உங்களுடையதுதான்.

இட்லிக் கடை நஷ்டத்துக்குக் கணக்குப் புத்தகம் இல்லையே என்று கவலைப்படாதீர்கள். கூகுள் பேயில் காசு வாங்கியிருப்பீர்கள் அல்லவா? பள்ளம் வெட்டுவதற்கு முந்தைய ஆறு மாசத்துக்கும் வெட்டியபின் நாலு மாசத்துக்கும் பேங்க் ஸ்டேட்மெண்ட் வாங்கி வையுங்கள், வித்தியாசம் தானே பேசும். விரிசலின் மேல் ஒரு ஸ்கேலை வைத்து, அன்றைய தினத்தந்தியையும் பக்கத்தில் பிடித்துப் படம் எடுங்கள். பதினைந்து நாளுக்கு ஒரு தடவை அதே இடத்தில். மேஸ்திரியைக் கூப்பிட்டுப் பூசிவிடாதீர்கள், சாட்சியைப் பூசி மறைத்த மாதிரி ஆகிவிடும். சுவர் விழுந்துவிடும் என்ற நிலை இருந்தால் மட்டும் முட்டு கொடுங்கள், அதற்கும் முன்னால் படம், அப்புறம் ரசீது. வழக்குப் போட்டவுடனே நேரில் பார்த்து அறிக்கை தர ஒரு வக்கீல் கமிஷனரை நியமிக்கச் சொல்லி மனு போட வேண்டும். இத்தகைய வழக்குகளில் பாதி வெற்றி அந்த அறிக்கையில்தான்.

தகவல் உரிமைச் சட்டத்தை எல்லோரும் கேள்வி கேட்கத்தான் பயன்படுத்துகிறார்கள். அதன் 2(ஜே) பிரிவைப் படித்தால், நடக்கும் வேலையை நேரில் பார்வையிடவும் பொருளின் சான்றிட்ட மாதிரி எடுக்கவும் உரிமை இருக்கிறது. பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, ஒப்பந்த நகல், வரைபடத்தில் காட்டிய மட்டம், அளவுப் புத்தகமான எம்-புக்கின் பக்கங்கள், முட்டுக்கென்று பில் போட்டார்களா என்ற விவரம், இவற்றைக் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். முட்டு கொடுக்காமலே முட்டுக்குப் பில் ஏறியிருந்தால் உங்கள் வழக்குப் பாதி முடிந்த மாதிரி.

தெருமுனையில் வைத்திருக்கும் திட்ட அறிவிப்புப் பலகையையும் போய்ப் படியுங்கள். கொசஸ்தலை ஆற்றுப் படுகை வடிகால்களுக்காக ஆசிய வளர்ச்சி வங்கி 2021 டிசம்பரில் 251 மில்லியன் டாலர் கடன் ஒப்புதல் தந்தது. உங்கள் வேலை அந்தப் பணத்தில் நடப்பதாக இருந்தால் இன்னொரு கதவு திறக்கிறது. பாதிக்கப்பட்டவர்கள் குறைந்தது இரண்டு பேர் சேர்ந்து மணிலாவில் இருக்கும் அந்த வங்கிக்கே புகார் அனுப்பலாம். கட்டணம் இல்லை, தமிழிலேயே எழுதலாம், பெயரை ரகசியமாக வைக்கக் கேட்கலாம். முதலில் அந்தத் திட்டத்தைக் கவனிக்கும் வங்கியின் பிரிவிடம் முறையிட்டதைக் காட்ட வேண்டும். நிலத்துக்கு உரிமைப் பத்திரம் இல்லாதவர்களின் கட்டட இழப்பையும் அவர்களுடைய பாதுகாப்புக் கொள்கை கணக்கில் எடுக்கிறது. இது கோர்ட் இல்லை, டிக்ரி கிடைக்காது. ஆனால் கடன் கொடுத்தவன் கேள்வி கேட்டால் ஆபீசில் யாராவது பதில் எழுதித்தானே ஆக வேண்டும்.

கறுப்புத் தண்ணீர் தனிக் கதை. மழையில்லாத நாளில் மழைநீர் வடிகால் ஓடுகிறது என்றால் யாரோ சாக்கடை இணைப்பைக் கொடுத்திருக்கிறார்கள். அது கால்வாய் வழியாக எண்ணூர் முகத்துவாரத்தில் போய்ச் சேரும். அனல்மின் நிலையச் சாம்பலும் கசிந்த எண்ணெயும் தின்றது போக அங்கே மிச்சமிருக்கிற இறாலையும் நண்டையும் நம்பித்தான் மீனவக் குடும்பங்கள் இருக்கின்றன. இதற்கு இடம் சேப்பாக்கம் கலச மஹாலில் இருக்கும் பசுமைத் தீர்ப்பாயம். அந்தத் தீர்ப்பாயச் சட்டத்தின் 14-ஆவது பிரிவுப்படி பிரச்சினை முதலில் தோன்றிய நாளிலிருந்து ஆறு மாசம், தகுந்த காரணம் இருந்தால் இன்னும் 60 நாள். உங்களுக்கு மூன்று மாசம்தான் ஆகிறது, நேரம் இருக்கிறது. நஷ்டஈடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் ஆயிரம் ரூபாய். சுவர் விரிசலை இதில் கலந்துவிடாதீர்கள், அது சிவில் கோர்ட்டுக்கு. "சரிசெய்ய நிதி இல்லை" என்று யாராவது சொன்னால், 1980-லேயே ரத்லாம் நகராட்சி வழக்கில் சுப்ரீம் கோர்ட் அந்தச் சாக்கை ஏற்கவில்லை என்று எழுதிக் கொடுங்கள்.

வக்கீல் செலவுக்குப் பயப்பட வேண்டாம். 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் சட்டப்படி பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு. உங்கள் பகுதி நீதிமன்ற வளாகத்தில் சட்டப் பணிகள் குழு அலுவலகம் இருக்கும். படங்களையும் ரசீதுகளையும் எடுத்துக்கொண்டு, அதே நிலையில் இருக்கும் பக்கத்து வீட்டம்மாவையும் அழைத்துக்கொண்டு திங்கட்கிழமையே போய்விடுங்கள்.