கலிஃபோர்னியா கெட்டுப்போச்சா என்று கேட்ட தம்பிக்கு

சான் ஹோசேயில் வேலை கிடைத்திருக்கிறது, மனைவியையும் நாலு வயதுப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு வரப்போகிறேன், ஆனால் டாலஸில் இருக்கும் சித்தப்பா "அங்க மனுஷன் இருப்பானா, திருட்டுப் பயலுகளும் எல்லை தாண்டி வந்தவங்களும் சேர்ந்து ஊரையே நாசம் பண்ணிட்டாங்க, நாங்களே தப்பிச்சு ஓடி வந்துட்டோம்" என்கிறார், நிஜமா அக்கா என்று கேட்டிருந்தீர்கள். நானும் ஓடி வந்த கூட்டம்தான் தம்பி. 2005 முதல் 2019 வரை, சான் ஹோசேக்கு வடக்கே இருக்கும் ஃப்ரீமான்டில் இருந்துவிட்டு இப்போது டாலஸுக்கு வடக்கே ஃப்ரிஸ்கோவில் இருக்கிறோம். உங்கள் சித்தப்பா சொல்லும் கதையை நானே பத்துப் பேரிடம் சொல்லியிருக்கிறேன், அதனால் அதில் எது சரக்கு, எது தண்ணீர் என்று தெரியும்.

உண்மையான பங்கு கார் கண்ணாடி உடைப்பு. 2017இல் சான் பிரான்சிஸ்கோ நகரத்தில் மட்டும் 31,000க்கும் மேல் பதிவானது, அதில் ஒன்று எங்கள் வண்டி. ஊரிலிருந்து வந்திருந்த மாமனார் மாமியாருக்குப் பாலம் காட்டலாம் என்று நிறுத்திவிட்டுப் போனோம், இருபது நிமிடம்தான் இருக்கும், திரும்பி வந்தால் பின்பக்கக் கண்ணாடி இல்லை. உள்ளே இருந்தது புளிசாதம் வைத்த பை. லேப்டாப் என்று நினைத்திருக்கிறான் போல. பையை எடுத்துக்கொண்டு புளிசாத டப்பாவை மட்டும் நடைபாதை ஓரமாக, மூடி கழலாமல், வைத்துவிட்டுப் போயிருந்தான். மாமியாருக்கு அதுதான் பெரிய கோபம், "ஒரு வாய் சாப்பிட்டாவது பார்த்திருக்கலாம்ல" என்று. சிரித்தோம், ஆனால் பையனின் கார் சீட் மடிப்புகளில் கல்கண்டு மாதிரி கண்ணாடித் துண்டுகள், எத்தனை முறை வாக்குவம் போட்டாலும் ஒரு மாதம் கழித்தும் விரலில் தட்டிக்கொண்டே இருந்தது. புகாரை இணையத்தில் பதிந்து எண்ணை வாங்கிக் காப்பீட்டுக்குக் கொடுத்தோம், அதோடு சரி.

அப்புறம் அந்த 950 டாலர் கதை. அதற்குக் குறைவாகத் திருடினால் யாரும் கேட்கமாட்டார்கள் என்று சித்தப்பா நிச்சயம் சொல்லியிருப்பார். 2014இல் மக்கள் ஓட்டுப்போட்டு நிறைவேற்றிய முன்மொழிவு 47, அந்தத் தொகைக்கு உட்பட்ட திருட்டைச் சிறுகுற்றமாக்கியது உண்மை. சிறுகுற்றம் என்றால் குற்றமே இல்லை என்று ஆகாது, அதற்கும் ஜெயில் உண்டு. சித்தப்பா இருக்கும் டெக்சாஸில் ஒரு சாதாரணத் திருட்டு பெருங்குற்றமாக வேண்டுமானால் 2,500 டாலரைத் தொட வேண்டும், இதை நான் இங்கே வந்த பிறகுதான் தெரிந்துகொண்டேன், விருந்தில் சொன்னால் யாரும் நம்புவதில்லை. கடைகளில் நடந்த அள்ளிக்கொண்டு ஓடும் திருட்டைப் பார்த்து கலிஃபோர்னியாவிலும் ஜனங்கள் பொறுமை இழந்துதான் போனார்கள். 2024இல் முன்மொழிவு 36க்கு மூன்றில் இரண்டு பங்குப் பேர் ஓட்டுப்போட்டு, திரும்பத் திரும்பத் திருடுகிறவனுக்குத் தொகை பார்க்காமல் பெருங்குற்றம் போடலாம் என்று இறுக்கிவிட்டார்கள். அதே 2024இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த கொலைகள் 35, அதற்கு முந்தைய அறுபது வருடங்களில் இவ்வளவு குறைந்ததில்லை.

சரி, வந்தேறிகள் விஷயம். எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர் லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கம் பிறந்து வளர்ந்த வெள்ளைக்காரர், 1995இல் வீட்டை விற்றுவிட்டு இங்கே வந்தவர். கராஜ் சுவரில் நீல நிறத்தில் மஞ்சள் எழுத்துப் போட்ட பழைய கலிஃபோர்னியா நம்பர் பிளேட்டை ஆணியடித்து வைத்திருக்கிறார், ஞாயிற்றுக்கிழமை அதைத் துடைப்பார். ஆவணம் இல்லாதவர்களுக்குப் பள்ளிக்கூடமும் வைத்தியமும் கூடாது என்று 1994இல் வந்த முன்மொழிவு 187க்கு ஓட்டுப்போட்டவர்; அது ஜெயித்தது, ஆனால் நீதிமன்றம் நிறுத்திவிட்டது, அந்தக் கோபம் அவருக்கு இன்னும் ஆறவில்லை. "அவங்க வந்துதான் கெடுத்தாங்க" என்று சொல்லிவிட்டு உடனே என்னைப் பார்த்து, "உன்னைச் சொல்லலம்மா, நீங்க வரிசையில நின்னு வந்தவங்க" என்பார். ஆலங்கட்டி மழையில் இங்கே கூரை எல்லாம் போனபோது அவர் வீட்டுக்கூரையை ஒரே பகலில் மாற்றிக் கொடுத்தது ஸ்பானிஷ் மட்டுமே பேசிய ஆறு பேர். ஐஸ் பெட்டி நிறையத் தண்ணீர் பாட்டில் வைத்து, வெயிலில் அவரே ஒவ்வொருவருக்கும் எடுத்துக் கொடுத்தார். நல்ல மனிதர்தான்.

அவர் கிளம்பிய காலத்தில் பயம் நியாயமானது. 1993இல் அந்த மாநிலத்தில் 4,000க்கு மேல் கொலை. ஆனால் அவர் அந்தக் காலத்தோடு கதவைச் சாத்திக்கொண்டு வந்துவிட்டார். 1990இல் அங்கே ஐந்தில் ஒருவர் வெளிநாட்டில் பிறந்தவர், இப்போது நாலில் ஒருவருக்கும் மேல். கொலையோ பாதிக்கும் கீழே இறங்கியிருக்கிறது, கொரோனா சமயத்தில் கொஞ்சம் ஏறி மறுபடி குறைந்தது. இன்னொன்று, கைதாகிறவர்களின் குடியேற்ற நிலையையும் சேர்த்துப் பதிவு செய்வது இதே டெக்சாஸ்தான். அந்தப் பதிவுகளை வைத்து விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தார் 2020இல் வெளியிட்ட ஆய்வில், வன்முறைக் குற்றத்துக்குக் கைதாகும் விகிதம் ஆவணமில்லாதவர்களைவிட இந்த நாட்டிலேயே பிறந்தவர்களிடம் இரண்டு மடங்குக்கு மேல்.

"உன்னைச் சொல்லல" என்பதையும் ரொம்ப நம்பாதீர்கள். 2022இல் இங்கே பிளேனோவில் ஒரு பார்க்கிங்கில் நாலு இந்தியப் பெண்களை "உங்க நாட்டுக்கே போங்க" என்று கத்தி அடித்த பெண்மணி, தான் மெக்சிகோ வம்சாவளி அமெரிக்கர் என்று தானே சொன்னவர். 2023 மே மாதம் அலென் மாலில் எட்டுப் பேரைச் சுட்டுக் கொன்றது எங்கள் வீட்டிலிருந்து அரைமணி நேரத்துக்குள்தான், இறந்தவர்களில் நம் ஹைதராபாத் பக்கத்துப் பெண்ணும் ஒருவர். ஓடி வந்த இடமும் இதுதான் தம்பி.

நாங்கள் ஏன் வந்தோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பதினாலு வருடம் வாடகை வீடு. இரண்டு படுக்கையறையில் நாலு பேர், வருடா வருடம் ஏறும் வாடகை, வீடு வாங்கலாம் என்று பார்த்தால் முன்பணம் சேரும் வேகத்தைவிட விலை ஏறும் வேகம் அதிகம். அதை வழியனுப்பும் விருந்தில் எப்படிச் சொல்வது? எல்லாரிடமும் கண்ணாடி உடைந்த கதையைத்தான் சொன்னேன், புளிசாதத்தை மட்டும் விட்டுவிட்டு. உங்கள் சித்தப்பாவிடமும் எந்த வருடம் கிளம்பினார், அப்போது வாடகை எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள். நான் போன தடவை கோயம்புத்தூர் போனபோது மாமா பையன், துபாயில் இருக்கிறவன், டீக்கடையில் நின்று "ஊரெல்லாம் வடக்கனாப் போச்சு, பொம்பளைங்க நடமாட முடியல" என்றான். அவனுக்கு டீ போட்டுக் கொடுத்தது பீகார்ப் பையன். துபாயில் இவன் யார் என்று நான் கேட்கவில்லை, விருந்தாளியாகப் போயிருந்தேன்.

நீங்கள் கவனிக்க வேண்டியது நகை. 2022இல் சான்டா கிளாரா மாவட்டத்தில், அதாவது நீங்கள் இருக்கப்போகும் மாவட்டத்தில், புடவையும் பொட்டுமாக நடந்துபோன பெண்களின் கழுத்துச் சங்கிலியை ஒருவன் வரிசையாக அறுத்தான், வெறுப்புக் குற்றமாகவே வழக்குப் போட்டார்கள். தீபாவளிக்குக் கோயிலுக்குப் போகும்போது துப்பட்டாவை மேலே போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள், கல்யாண நகையை ஊரிலேயே லாக்கரில் விட்டுவிட்டு வாருங்கள். காரில் காலிப் பைகூட வைக்காதீர்கள். ஏதாவது நடந்தால் போலீஸைக் கூப்பிடத் தயங்க வேண்டாம், உள்ளூர்ப் போலீஸ் விசா நிலையைக் கேட்கக் கூடாது என்று 2018இலிருந்தே அங்கே சட்டம் இருக்கிறது. ஆனால் மத்திய அரசின் குடியேற்றத் துறை ஆட்கள் வேறு, அவர்கள் கேட்கலாம், அதனால் உங்கள் ஐ-94 தாளை, அதாவது நாட்டுக்குள் நுழைந்ததற்கான அரசுப் பதிவை, கையோடு வைத்திருங்கள்.

வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் எந்தப் பகுதி என்று எழுதுங்கள், பள்ளிக்கூடம் எப்படி என்று அங்கே இருக்கும் தோழிகளிடம் கேட்டுச் சொல்கிறேன். கார் சீட் ஊரிலிருந்து தூக்கிக்கொண்டு வர வேண்டாம், இங்கத்திய விதிக்கு அது செல்லாது.