மொட்டை மரங்களும் ஒன்றரைப் பவுன் குருவியும்

வணக்கம் ஐயா,

எனக்கு ஊர் மன்னார்குடி. அமெரிக்காவில், நியூயார்க் மாநிலத்து ராச்செஸ்டரில் இருக்கும் மகன் வீட்டுக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது. மென்டன் பாண்ட்ஸ் பார்க் பற்றி போன வருடம் நீங்கள் எழுதியதைப் படித்ததிலிருந்து அங்கே போகவேண்டும் என்று மகனை நச்சரித்துக்கொண்டே இருந்தேன். அவனுக்கு ஒழிந்தது நவம்பர் இரண்டாவது வாரத்தில்தான். போய் இறங்கினால், நீங்கள் போட்டிருந்த படத்தில் இருந்த சிவப்பும் மஞ்சளும் எங்கே? எல்லாம் கொட்டி, மரங்கள் குச்சி குச்சியாக நின்றன. “பீக் முடிஞ்சிடுச்சும்மா” என்றான் மகன். டெவில்ஸ் பாத்டப் என்று பெரிதாகச் சொல்லியிருந்தீர்களே என்று சரிவில் இறங்கிப் பார்த்தால் அது ஒரு குட்டை. ஹரித்ராநதியைப் பார்த்து வளர்ந்தவளுக்கு அதெல்லாம் ஒரு குளமா? நாலே முக்காலுக்கெல்லாம் இருட்டிக்கொண்டு வந்தது, திரும்பிவிட்டோம்.

குருவி மட்டும் நீங்கள் எழுதியபடியே, விதை வைத்து நீட்டிய கையில் வந்து உட்கார்ந்தது. அதிலும் ஒரு குறை. முதலில் எடுத்த விதையைக் கீழே போட்டுவிட்டு வேறொன்றை எடுத்துக்கொண்டு பறந்தது. அது ஏன்?

ல.

---

அன்புள்ள அம்மாவுக்கு,

முதலில் என் தப்பை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அந்தப் படம் அக்டோபர் 18ஆம் தேதி எடுத்தது. சோம்பேறித்தனத்தால் நவம்பரில்தான் கட்டுரையை எழுதி முடித்தேன், படத்தின் அடியில் தேதி போடவில்லை. ராச்செஸ்டர் பக்கம் நிறம் உச்சத்துக்கு வருவது அக்டோபர் நடுவிலிருந்து கடைசிக்குள். நியூயார்க் மாநிலச் சுற்றுலாத் துறை ஒவ்வோர் இலையுதிர்காலத்திலும் வாராவாரம் எந்தப் பகுதியில் இலை எவ்வளவு நிறம் மாறியிருக்கிறது என்று அறிக்கையே விடுகிறது. உங்கள் மகன் சொன்ன ‘பீக்’ அதிலிருந்து வந்த சொல்தான். அங்கே இருக்கும் நம் பிள்ளைகள் முகூர்த்த நாள் பார்ப்பதுபோல அதைப் பார்த்து லீவு போடுகிறார்கள்.

நமக்கு இந்தக் கணக்கு பழக்கமில்லை. நம் பக்கம் ஐப்பசி அடைமழை மாதம், எல்லாம் பச்சை பிடிக்கும் நேரம். இலை கொட்டுவது மாசி பங்குனியில், அதுவும் வெயிலுக்குப் பயந்து. அங்கே குளிருக்குப் பயந்து.

நானும் ஒரு தடவை உங்களைப் போலவே தாமதமாகப் போய் ஏமாந்தேன். மகளைப் பார்க்கப் போயிருந்த வருடம், ஏறக்குறைய இதே வாரம். காரிலிருந்து இறங்கி ஒரு முறை சுற்றிப் பார்த்துவிட்டு, காபி வாங்கிக்கொண்டு வீட்டுக்கே போய்விடலாமா என்றுகூட நினைத்தேன். ஆனால் அன்றைக்குத்தான் அந்த இடத்தை நான் பார்த்தேன் என்று சொல்வேன். அதற்கு முன் இரண்டு தடவை போனபோது பார்த்தது இலையை மட்டும்தான்.

மன்ரோ கவுண்டி நடத்தும் பார்க் அது, நம் ஊர்ப் பேச்சில் ஜில்லா நிர்வாகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுமார் 2,500 ஏக்கர். அதைப் பூங்கா என்று எழுத எனக்குக் கை வரவில்லை. ஊஞ்சலும் பாத்தி கட்டிய செடியும் நினைவுக்கு வந்துவிடும். இது காடும் மேடும் குளங்களுமாகக் கிடக்கும் இடம். ஹண்ட்ரட் ஏக்கர் பாண்ட் ஓரத்திலிருந்து நடக்க ஆரம்பித்தால் நீளமாக, ஒடுங்கலாக, வளைந்து வளைந்து போகும் மண்மேடுகளைப் பார்த்திருப்பீர்கள். தஞ்சாவூர்க்காரர் யாரும் அதைப் பார்த்ததும் ஏரிக்கரை என்றோ வாய்க்கால் கரை என்றோதான் சொல்வார். நானும் அப்படித்தான் நினைத்தேன், யார் இவ்வளவு மண் சுமந்து கொட்டியிருப்பார்கள் என்று.

யாரும் கொட்டவில்லை. சுமார் 12,000 ஆண்டுகளுக்கு முன்னால் முடிந்த பனியுகத்தில் அந்த வட்டாரமே மலை உயரப் பனிப்பாளத்துக்கு அடியில் கிடந்தது. பாளத்தின் அடியில் சுரங்கம் குடைந்துகொண்டு உருகிய நீர் ஆறாக ஓடியது. மணலும் கூழாங்கல்லும் அந்தச் சுரங்கத்துக்குள் படிந்தன. பிறகு பனி உருகியது, ஆறும் போனது. படுகை மட்டும் மேடாக நின்றுவிட்டது. அதற்கு எஸ்கர் என்று பெயர். நீங்கள் நடந்தது ஓர் ஆற்றின் அடிவயிற்றின் மேல். அக்டோபரில் மேப்பிளும் ஓக்கும் இலையோடு நிற்கும்போது இந்த மேடு கண்ணில் படவே படாது, ஏதோ ஏற்ற இறக்கம் என்று கால்தான் சொல்லும். இலை கொட்டிய பிறகு பாருங்கள், பள்ளிக்கூடத்தில் செய்யும் களிமண் உருவம்போல நிலம் அப்படியே தெரியும்.

இலைகளின் கதையும் பாதி இதே மாதிரிதான். மஞ்சள் கோடை முழுக்க இலைக்குள்ளேயே இருக்கிறது, பச்சையம் சிதைந்ததும் வெளியே தெரிகிறது. சிவப்புதான் அந்த நேரத்தில் புதிதாக உண்டாவது. சரி, அதைப் பார்த்தவர்கள் ஆயிரம் பேர் எழுதிவிட்டார்கள்.

இப்போது உங்கள் குட்டைக்கு வருகிறேன். அதை நீங்கள் ஹரித்ராநதியோடு ஒப்பிட்டதைப் படித்துச் சிரித்துவிட்டேன். ஒப்பிடவும் கூடாது, அது மனிதர் வெட்டிய குளம். இது பனிப்பாளம் விட்டுப்போன ஒரு பெரிய ஐஸ் கட்டி மணலில் புதைந்து, மெல்ல உருகி, மேலே இருந்த மண் உள்வாங்கி உண்டான பள்ளம். பெயர் கெட்டில். சுற்றிலும் சுவர்போலச் சரிவு, நடுவில் கறுப்பாகத் தண்ணீர், அசைவே இல்லாமல். அந்த அசைவில்லாமைதான் விசேஷம்.

நம் வீடுகளில் வெந்நீரில் பச்சைத் தண்ணீர் விட்டு விளாவுவோம் அல்லவா? இலையுதிர்காலத்தில் இந்தக் குளிர்ப் பிரதேசத்து ஆழமான ஏரிகள் தம்மைத் தாமே விளாவிக்கொள்கின்றன. கோடையில் மேல்தண்ணீர் வெதுவெதுப்பாக லேசாக மிதக்கும், அடித்தண்ணீர் குளிர்ந்து கனமாகக் கிடக்கும். இரண்டும் ஒட்டாது. அக்டோபர், நவம்பரில் மேல்தண்ணீர் குளிரக் குளிரக் கனத்துக் கீழே இறங்குகிறது. தண்ணீர் மிகக் கனமாக இருப்பது 4 டிகிரி செல்சியஸில். மேலும் கீழும் ஒரே குளிர்ச்சிக்கு வந்ததும், ஒரு நல்ல காற்று அடித்தால் போதும், ஏரி முழுக்கப் புரண்டுவிடும். மேலே இருக்கும் ஆக்சிஜன் அடிவரை போவது இப்படித்தான், அதை வைத்துத்தான் மீன்கள் குளிர்காலத்தைத் தள்ளுகின்றன.

டெவில்ஸ் பாத்டப்பில் இது நடப்பதில்லை. அகலத்துக்கு ஆழம் மிக அதிகம், சுற்றிலும் சரிவு, காற்று புகாது. அடித்தண்ணீர் மேலே வருவதே இல்லை, அங்கே ஆக்சிஜனும் கிடையாது. மெரோமிக்டிக் என்பார்கள், உலகத்திலேயே அபூர்வமான ரகம். பெயரில் குளியல் தொட்டி, ஆனால் விளாவப்படாத தொட்டி! நீங்கள் நின்ற அந்த வாரத்தில் சுற்று வட்டார ஏரிகள் புரண்டுகொண்டிருந்திருக்கும், இது மட்டும் அசையாமல் கிடந்திருக்கும்.

கண்ணால் பார்க்க ஒன்றும் இல்லையே என்று கேட்பீர்கள். இல்லைதான். எனக்கும் முதல் தடவை அது ஒரு குட்டையாகத்தான் தெரிந்தது.

காதால் கேட்க ஒன்று இருந்தது, கவனித்தீர்களா? பீச் மரங்களும் இளம் ஓக்குகளும் எல்லா இலையையும் விடுவதில்லை. வெளிறிப்போன இலைகளைக் குளிர்காலம் முழுக்கப் பிடித்துவைத்துக்கொள்கின்றன. லேசாகக் காற்று வந்தால் காய்ந்த பனையோலைச் சத்தம். கண்ணை மூடிக்கொண்டால் ராமநாதபுரம்.

அப்புறம் அந்தக் குருவி. கறுப்புத் தொப்பியும் கறுப்புக் கழுத்துப்பட்டையும் வெள்ளைக் கன்னமுமாக இருந்ததே, அதன் பெயர் சிக்கடி. ‘சிக்-அ-டீ-டீ’ என்று அது தன் பெயரைத் தானே சொல்லும். ஆபத்து எவ்வளவு பெரிதோ அவ்வளவு ‘டீ’ சேர்த்துக்கொள்ளும். அந்தப் பார்க்கில் பேர்ட்சாங் டிரெயில் என்ற நடைபாதையில் தலைமுறை தலைமுறையாக ஆட்கள் கையில் விதை வைத்துக்கொண்டு நிற்கிறார்கள், அதனால் பயம் விட்டுப்போய்விட்டது. எடை பதினொன்று, பன்னிரண்டு கிராம்தான். ஒன்றரைப் பவுன் என்றால் உங்களுக்குச் சட்டென்று விளங்கும். உள்ளங்கையில் உட்காரும்போது எடையே தெரியாது, நகம் குத்துவதுதான் தெரியும், குண்டூசி முனைபோல. தலையை ஒரு பக்கம் சாய்த்து உங்களைப் பார்க்கும், பிறகு விதையைப் பார்க்கும்.

உங்கள் மகன் சொன்ன பீக் இந்தக் குருவிக்கும் உண்டு. இலையுதிர்காலத்தில் அது விதையைத் தின்பதைவிட ஒளித்து வைப்பதுதான் அதிகம். ஒவ்வொன்றையும் ஒவ்வோர் இடத்தில், பட்டை இடுக்கில், பாசிக்குள். வாரக்கணக்கில் அவற்றை நினைவில் வைத்திருக்கும். அனத் பார்னியாவும் ஃபெர்னாண்டோ நாட்டபோமும் 1994இல் வெளியிட்ட ஆய்வில், இடங்களை நினைவில் வைக்கும் மூளைப்பகுதியில் புதிய நரம்பணுக்கள் சேர்வது அக்டோபரில் உச்சம் என்று கண்டார்கள். இலைக்கு வந்த அதே மாதம்.

அது விதையைக் கீழே போட்டதற்கு நீங்கள் வருத்தப்பட வேண்டாம். என் கையிலும் போட்டிருக்கிறது, ஒரு தடவை வரிசையாக மூன்று. அலகில் தூக்கிப் பார்த்து எடை போடுகிறது. பருப்பு நிறைந்த விதை கனக்கும், சொத்தை லேசாக இருக்கும். மன்னார்குடி மார்க்கெட்டில் நீங்கள் தேங்காயைக் காதருகே ஆட்டிப் பார்த்துவிட்டு எத்தனை காயைத் திரும்ப வைத்திருப்பீர்கள்! அடுத்த முறை போகும்போது கறுப்புத் தோல் சூரியகாந்தி விதையாக வாங்கிப் போங்கள், உப்புப் போட்டது வேண்டாம். பகல் பன்னிரண்டுக்கே கிளம்புங்கள். நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவிடுகிறார்கள், அதனால்தான் உங்களுக்கு அவ்வளவு சீக்கிரம் இருட்டியது. மகன் அதைச் சொல்ல மறந்திருப்பார்.