அரசு எதற்கு? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அரசு பற்றிய உங்கள் கட்டுரைகளைத் தொடர்ந்து வாசித்து வருகிறேன். எனக்குச் சில கேள்விகள். கத்தியைக் காட்டிப் பணம் பறிப்பவனுக்கும் சட்டத்தைக் காட்டி வரி வாங்கும் அரசுக்கும் என்ன வேறுபாடு? பெல்ஜியத்தில் 541 நாட்கள் அரசாங்கமே இல்லை, மக்கள் நன்றாகத்தானே இருந்தார்கள்? அரசு இல்லாமல் மனிதர்கள் தங்களுக்குள் பேசி வாழ்ந்துகொள்ள முடியாதா? எனக்கு எந்த அரசும் எதையும் செய்ததில்லை. என்னை விட்டுவிட்டால் போதும் என்றுதான் தோன்றுகிறது.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் கடைசி இரண்டு வரிகளுக்காகத்தான் இந்தப் பதில். கொஞ்ச காலமாகவே அதைச் சுற்றித்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

வரி பற்றிய கேள்வி பழையது. கொள்ளைக்காரன் ரசீது தருவதில்லை, கணக்குக் காட்டுவதில்லை. அவன்மேல் வழக்குப் போட முடியாது, ஓட்டுப் போட்டு அவனை இறக்கவும் முடியாது. இதற்கெல்லாம் இடம் தராத அரசைக் கொள்ளைக்காரன் என்றே சொல்லுங்கள், நானும் சேர்ந்து சொல்கிறேன். அதில் மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை.

பெல்ஜியம் என்றதும் கோபம் வந்துவிட்டது. எங்கோ படித்த துணுக்கை அப்படியே எடுத்து வாதமாக வைப்பதா? 2010 ஜூன் தேர்தலுக்குப் பிறகு கட்சிகளுக்குள் உடன்பாடு ஏற்படாமல் 2011 டிசம்பர் வரை புதிய அமைச்சரவை அமையவில்லை. பழைய அமைச்சரவையே காபந்து அரசாக நீடித்தது. நீதிமன்றங்கள் நடந்தன, ஓய்வூதியம் போய்ச் சேர்ந்தது, பிறந்த குழந்தைகளின் பெயர் பதிவானது. 2010இன் பிற்பாதியில் ஐரோப்பிய ஒன்றியக் கவுன்சிலுக்குச் சுழற்சி முறையில் தலைமை வகித்ததும் அதே பெல்ஜியம்தான். அங்கே அரசாங்கம்தான் அமையவில்லை. அரசு ஒரு நாள்கூட நிற்கவில்லை.

அரசே நின்றுபோன இடம் சோமாலியா. 1991 ஜனவரியில் சர்வாதிகாரி சியாத் பர்ரே தலைநகரைவிட்டு ஓடியபின் நாடு முழுமைக்குமான ஆட்சி என்று ஒன்று இல்லாமல் போனது. நீங்கள் சொல்கிற 'பேசி வாழ்ந்துகொள்வது' அங்கே நடக்காமல் இல்லை. குலப் பெரியவர்கள் வழக்குத் தீர்த்தார்கள், வியாபாரமும் நடந்தது. ஆனால் பேச்சுக்கு உட்காரவும் ஒரு பலம் வேண்டியிருந்தது. துப்பாக்கி ஏந்திய குழு இல்லாத, ஆற்றங்கரை விவசாயிகள்தான் 1992 பஞ்சத்தில் அதிகம் செத்தார்கள். அவர்களோடு யாரும் பேசவில்லை.

சரி, நான் சொல்ல வந்தது இது. அரசு என்றதும் எல்லோரும் போலீஸையும் ராணுவத்தையும் நினைக்கிறார்கள். எனக்கு நினைவுக்கு வருவது ஒரு பேரேடு. இன்னார் இருக்கிறார், இன்ன தேதியில் பிறந்தார், இன்னாரை மணந்தார், இந்த நிலம் அவருடையது என்று எழுதி, எழுதியதற்குப் பொறுப்பேற்பது. மெசபடோமியாவின் உருக் நகரத்தில் 5,000 ஆண்டுகளுக்கு முன்பே களிமண் பலகைகளில் பார்லிக்கும் ஆட்டுக்கும் கணக்கு வைத்திருந்தார்கள். அரசு பிறந்ததே கணக்கோடுதான். முதலில் தானியத்தை எண்ணியது, அப்புறம் தானியம் விளைவிப்பவனை எண்ணியது.

என் பெரியப்பா இறந்த பிறகு குடும்ப ஓய்வூதியம் கேட்டுப் பெரியம்மாவோடு ஒரு அலுவலகத்துக்குப் போய்வந்தேன். அப்போது நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். எழுத்தர் பதிவேட்டைத் திறந்து, மர ஸ்கேலை ஒவ்வொரு வரிக்கும் அடியில் வைத்து நகர்த்தியபடியே வந்தார். ஓரிடத்தில் நிறுத்தினார். 'மனைவி' என்ற இடத்தில் பெரியம்மாவை வீட்டில் கூப்பிடும் பெயர் இருந்தது. கையில் இருந்த சான்றிதழிலோ பள்ளிக்கூடத்துப் பெயர். "இதுல நீங்க இல்லையேம்மா" என்றார். நல்ல மனிதர். உட்காரச் சொன்னார், தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். ஆனால் ஸ்கேல் அந்த வரியைவிட்டு நகரவில்லை. பெரியம்மா, "அப்போ அவரோட இத்தனை வருஷம் இருந்தது யாரு தம்பி?" என்று கேட்டார். அவர் தலையைக் குனிந்துகொண்டார். பெயர் திருத்தி ஓய்வூதியம் வரும்வரை பெரியம்மா கடன் வாங்கித்தான் காலம் தள்ளினார்.

எஸ்., உங்கள் பெயரை யாரோ ஒருவர் சரியாக எழுதி வைத்திருக்கிறார். அரசு எனக்கு எதையும் செய்ததில்லை என்று இன்று நீங்கள் சொல்ல முடிவது அதனால்தான். எழுதப்படாதவர்கள் ஒருபோதும் அப்படிச் சொல்லமாட்டார்கள். என்னை விட்டுவிட்டால் போதும் என்கிறீர்களே, அப்படி விடப்பட்டவர்களை உலகம் பார்த்திருக்கிறது. புரட்சிக்குப் பின் வெளியேறிய லட்சக்கணக்கான ரஷ்யர்களின் குடியுரிமையை 1921இல் சோவியத் அரசு ரத்து செய்தது. இவர் எங்களவர் என்று சொல்ல ஒரு நாடு இல்லாமல் அவர்களால் எல்லை தாண்ட முடியவில்லை. 1922இல் அகதிகளுக்கான ஆணையராக இருந்த நார்வேயின் நான்சென், ஐ.நா.வுக்கு முன்பிருந்த சர்வதேச சங்கத்தின் வழியாக அவர்களுக்கென்று ஓர் அடையாளத் தாள் ஏற்பாடு செய்தார். சொந்த நாடு கைவிட்டவர்கள் அந்தத் தாளுக்காகத்தான் வரிசையில் நின்றார்கள். சுதந்திரத்தை ஒன்றும் கொண்டாடிக்கொண்டிருக்கவில்லை.

பேரேடு நல்லது மட்டுமே செய்யும் என்று சொல்ல மாட்டேன். நெதர்லாந்தில் போருக்கு முன்பே ஒவ்வொரு குடிமகனின் மதமும் பதிவாகியிருந்தது. யாரையும் கொல்ல எழுதியதல்ல அது. ஒழுங்கான ஒரு நிர்வாகம் ஒழுங்காக எழுதி வைத்தது, அவ்வளவுதான். 1940இல் ஜெர்மானியப் படை நுழைந்தபோது அந்த ஒழுங்கும் அவர்கள் கைக்குப் போனது. அங்கிருந்த சுமார் 1,40,000 யூதர்களில் 1,00,000 பேருக்கு மேல் கொல்லப்பட்டார்கள். 1943 மார்ச் 27 இரவு ஆம்ஸ்டர்டாமில் சிலர் போலீஸ் உடையில் பதிவு அலுவலகத்துக்குள் புகுந்தார்கள். அட்டைகள் இழுப்பறைகளில் நெருக்கி அடுக்கப்பட்டிருந்தன, அப்படியே கொளுத்தினால் எரியாது. அதனால் அள்ளித் தரையில் கொட்டித் தீ வைத்தார்கள். தீயணைப்பு வீரர்கள் வேண்டுமென்றே தாமதித்தார்கள். வந்த பிறகும் மிச்சமிருந்த அட்டைகள் ஊறிக் கெடட்டும் என்று தண்ணீரைப் பாய்ச்சினார்கள். ஒரு பகுதி அட்டைகள்தான் அழிந்தன. தீ வைத்த குழுவில் 12 பேரை ஜெர்மானியர்கள் சுட்டுக் கொன்றார்கள்.

அந்தத் தீயணைப்பு வீரர்களும் அரசு ஊழியர்கள்தான் என்பதை நினைத்துப் பாருங்கள். பேரேட்டை எழுதியவர்களும் அரசு ஊழியர்கள்தான். அரசு ஒற்றை மிருகம் என்று நம்புகிறவர்களுக்கு இது புரியாது. அதற்குள் ஆயிரம் கைகள் இருக்கின்றன. எந்தக் கை எதை எழுதுகிறது, யார் பார்க்க எழுதுகிறது என்று கேட்பதுதான் அரசியல். அதை விட்டுவிட்டு அரசு வேண்டுமா வேண்டாமா என்று பேசிக்கொண்டிருப்பது சோம்பேறித்தனம். கடுமையாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த வயதில் உங்களுக்கு வரும் கோபம் எனக்குப் பிடித்திருக்கிறது. அது இப்படி வெறும் பேச்சாகக் கரைவதுதான் பிடிக்கவில்லை.

யார் எதை எழுதுகிறார்கள் என்ற அந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் இருக்கிறார்கள். ஸ்வீடன் 1766லேயே அரசு ஆவணங்களைக் குடிமக்கள் பார்க்கலாம் என்று சட்டம் போட்டது. மேற்கு ஜெர்மனியில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பை எதிர்த்துச் சாதாரண மக்கள் நீதிமன்றம் போனார்கள். பட்டியல் என்ன செய்யும் என்று அந்த நாட்டுக்குத் தெரியாதா என்ன? 1983 டிசம்பரில் அரசியலமைப்பு நீதிமன்றம் அந்தச் சட்டத்தின் சில பிரிவுகளை ரத்து செய்தது. தன்னைப் பற்றிய தகவல் எப்படிப் பயன்பட வேண்டும் என்று தீர்மானிக்கும் உரிமை தனிமனிதருக்கு உண்டு என்றது. அதற்காகக் கணக்கெடுப்பே வேண்டாம் என்று அங்கே விட்டுவிடவில்லை. விதிகளைத் திருத்தி 1987இல் நடத்தினார்கள்.

உங்கள் நாட்டிலும் தகவல் கேட்கும் சட்டம் இருக்கும். உங்களைப் பற்றி எந்தெந்த அலுவலகத்தில் என்னென்ன எழுதியிருக்கிறார்கள் என்று கேட்டு ஒரு மனு போடுங்கள். பதில் வந்ததும், வராவிட்டாலும், எனக்கு எழுதுங்கள். அரசில்லாத வாழ்க்கை பற்றிய உங்கள் கேள்வியை அப்போது எடுத்துக்கொள்வோம்.