புது வைரஸுக்கு டெஸ்ட் தயாராவது எப்படி? கேட்டதும் சொன்னதும்

வைரஸ் நோய்களுக்கான பிசிஆர் (மாதிரியில் இருக்கும் வைரஸ் மரபணுவைப் பெருக்கிக் கண்டுபிடிக்கும் சோதனை) லேப் அமைப்பதும் நடத்துவதும் என் தொழில். புதிதாக ஒரு வைரஸ் கிளம்பினால் பரிசோதனைக் கூடத்தில் என்னதான் நடக்கிறது என்று பலர் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: மேடம், வைரஸே கையில் இல்லாதபோது அதற்கு டெஸ்ட் உருவாக்க முடியுமா?

முடியும். மரபணு வரிசை கிடைத்தால் போதும். 2020 ஜனவரியில் நடந்தது அதுதான். சீனாவின் ஜாங் யோங்சென் குழு புதுக் கொரோனா வைரஸின் முழு வரிசையை ஜனவரி 10, 11 வாக்கில் பொதுவில் வைத்தது. ஜனவரி 13 அன்றே, பெர்லின் சாரிட்டே மருத்துவமனையில் கிறிஸ்டியான் டிரோஸ்டன் குழு வடிவமைத்த சோதனை முறையை உலக சுகாதார நிறுவனம் வெளியிட்டுவிட்டது. அந்தக் குழுவிடம் அப்போது புது வைரஸ் கிடையாது. 2003இல் பரவிய சார்ஸ் வைரஸ் அதற்கு நெருங்கிய சொந்தம் என்பதால் அதையே பாசிட்டிவ் கண்ட்ரோலாக (டெஸ்ட் பிடித்தே ஆக வேண்டிய தெரிந்த மாதிரியாக) வைத்துச் சரிபார்த்தார்கள். டிரோஸ்டன் 2003இலேயே சார்ஸ் வைரஸை அடையாளம் கண்டவர்களில் ஒருவர். பழைய வேலை கையிருப்பில் இருந்ததால்தான் அந்த வேகம் வந்தது.

டெஸ்டை வடிவமைக்கும்போது வைரஸின் மரபணு வரிசையில் குறைந்தது இரண்டு இடங்களைத் தேடும்படி வைப்பது நல்லது. வைரஸ் மாறிக்கொண்டே இருக்கும். கொரோனாவின் ஆல்ஃபா வகை வந்தபோது, மூன்று இடங்களைப் பார்க்கும் ஒரு கிட்டில் எஸ் மரபணு மட்டும் காணாமல் போனது. மற்ற இரண்டும் வேலை செய்ததால் டெஸ்டில் நோயாளிகள் விடுபடவில்லை. அந்த இடம் விடுபட்டதையே ஆல்ஃபாவுக்கான அடையாளமாகவும் பயன்படுத்திக்கொண்டார்கள்.

கேள்வி: வரிசையும் தெரியாது, என்ன வைரஸ் என்றே தெரியாது என்றால்?

அப்போதுதான் பழைய பெயரை ஒட்டிவிடும் ஆபத்து. 1998இல் மலேசியாவில் பன்றிப் பண்ணைத் தொழிலாளர்களுக்கு மூளைக்காய்ச்சல் வந்தபோது ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே முதலில் நினைத்தார்கள். கொசு ஒழிப்பு, தடுப்பூசி என்று போனார்கள், நோய் அடங்கவில்லை. 1999 மார்ச்சில் நோயாளியின் மாதிரியை செல் வளர்ப்பில் வளர்த்துப் பார்த்தபோதுதான் அது வேறு வைரஸ் என்று தெரிந்தது. அதுதான் நிபா. இன்று மாதிரியில் இருக்கும் எல்லா மரபணுப் பொருளையும் ஒட்டுமொத்தமாக வரிசைப்படுத்தித் தேடலாம். ஆனாலும், நோயாளியைப் பார்த்த மருத்துவர் 'இது வழக்கமான படத்தோடு ஒட்டவில்லையே' என்று சந்தேகப்பட்டால்தான் மாதிரி அந்த மெஷின் வரை போகும்.

கேள்வி: எங்கள் லேபில் ரியல் டைம் பிசிஆர் மெஷின் இருக்கிறது. கிட் வாங்கிவிட்டால் ஆரம்பிக்கலாம்தானே?

இந்தக் கேள்விதான் அதிகம் வந்தது. கடைசியில் வாங்கியிருக்க வேண்டியதை நீங்கள் முதலில் வாங்கியிருக்கிறீர்கள்! உங்களிடம் எத்தனை அறைகள் இருக்கின்றன, அதை முதலில் சொல்லுங்கள்.

பிசிஆரில் ஒவ்வொரு சுற்றிலும் டிஎன்ஏ இரட்டிப்பாகும். கணக்குப்படி 40 சுற்றில் ஒரே ஒரு மூலக்கூறு ஒரு லட்சம் கோடிக்கும் மேல் பெருகும். ஓடி முடிந்த குழாயை யாராவது திறந்தால் அதில் கொஞ்சம் காற்றில் கலந்து, கையுறையில் ஒட்டி, அடுத்த நாள் குழாய்க்குள் விழும். அப்புறம் எல்லோருமே பாசிட்டிவ்தான். இது ஒரு முறை பரவிவிட்டால் லேபையே மூடிக் கழுவ வேண்டியிருக்கும்.

அதனால் ரீஏஜென்ட் (சோதனைக்கான ரசாயனக் கலவை) கலக்க ஓர் அறை, மாதிரியிலிருந்து ஆர்என்ஏ (வைரஸின் மரபணுப் பொருள்) பிரிக்க ஓர் அறை, மெஷினுக்கு ஓர் அறை. ஒவ்வொன்றுக்கும் தனிப் பிப்பெட் (திரவம் அளந்து எடுக்கும் கருவி), தனிக் கோட். ஆள் போகும் திசை ஒரே திசை: சுத்தமான அறையிலிருந்து மெஷின் அறைக்கு. மெஷின் அறையில் இருந்தவர் அன்றைக்கு ரீஏஜென்ட் அறைக்குத் திரும்பக் கூடாது. ஓடி முடிந்த குழாய்த் தட்டை (பிளேட்) திறக்காமலே குப்பைக்கு அனுப்புங்கள். மூன்று அறை இல்லையென்றால் ரீஏஜென்ட் கலக்கும் இடத்தையாவது வேறு அறைக்குக் கொண்டுபோய்விடுங்கள். மற்ற சமரசங்களை எப்படியோ சமாளிக்கலாம்.

பெரிய இடங்களிலும் இது நடக்கும். 2020 பிப்ரவரியில் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி மாநில லேப்களுக்கு அனுப்பிய கிட்களில், நோயாளி மாதிரியே சேர்க்காத குழாய்கள் பாசிட்டிவ் காட்டின. பிறகு ஆராய்ந்தபோது ஒரு பாகத்தில் மாசு, இன்னொரு பாகத்தில் வடிவமைப்புக் குறை என்று தெரிந்தது. அந்த நாட்டின் பரிசோதனை வாரக்கணக்கில் தள்ளிப்போனது.

ஒரு பாதுகாப்பு விஷயமும் உண்டு. ஆர்என்ஏ பிரிக்கும் கிட்களில் வைரஸை உடைக்கும் திரவமான லைசிஸ் பஃபரில் பெரும்பாலும் குவானிடின் உப்பு இருக்கும். அதன் மேல் பிளீச் ஊற்றாதீர்கள், விஷவாயு கிளம்பும். கழிவு டப்பாவில் இதைத் தெரியாமல் செய்கிறவர்கள் நிறைய.

கேள்வி: ஒவ்வொரு ரன்னிலும் என்னென்ன கண்ட்ரோல் வைக்க வேண்டும்?

மாதிரியே சேர்க்காத குழாய் ஒன்று. பாசிட்டிவ் ஒன்று. ஆர்என்ஏ பிரிக்கும் கட்டத்திலிருந்தே கூடவே வரும் நெகட்டிவ் ஒன்று. இதைத்தான் செலவு என்று பலர் விட்டுவிடுகிறார்கள். அப்புறம் ஒவ்வொரு மாதிரியிலும் மனித மரபணு ஒன்றையும் தேட வேண்டும், வழக்கமாக ஆர்னேஸ் பி. அது கிடைக்காவிட்டால் ஸ்வாப் (குச்சியால் எடுக்கும் மாதிரி) சரியாக எடுக்கப்படவில்லை, அல்லது பிரிக்கும்போது ஏதோ தடுத்திருக்கிறது. அந்த மாதிரிக்கு 'நெகட்டிவ்' என்று எழுதக் கூடாது, 'மீண்டும் எடுக்கவும்' என்று எழுத வேண்டும்.

செயற்கைப் பாசிட்டிவ் கண்ட்ரோல் செய்தால், உண்மையான வைரஸில் இல்லாத ஒரு சிறு துண்டை அதில் சேர்க்கச் சொல்லுங்கள். சந்தேகமான பாசிட்டிவ் வரும்போது அது நோயாளியுடையதா, கண்ட்ரோல் சிந்தியதா என்று பிரித்துப் பார்த்துவிடலாம்.

கேள்வி: இதற்கு பிஎஸ்எல்-3 லேப் கட்டாயமா டாக்டர்?

பிஎஸ்எல் என்பது லேபின் உயிரிப் பாதுகாப்பு நிலை, எண் கூடினால் பாதுகாப்பும் கூடும். எது வேண்டும் என்பது வைரஸை வளர்க்கிறீர்களா இல்லையா என்பதைப் பொறுத்தது. கோவிட் வைரஸுக்கு, வளர்க்காமல் பிசிஆர் மட்டும் செய்ய பிஎஸ்எல்-2 வசதியும் நல்ல பாதுகாப்பு கேபினெட்டும் போதும் என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல், வளர்ப்பதற்கு பிஎஸ்எல்-3. எபோலா, நிபா போன்றவற்றை வளர்க்க பிஎஸ்எல்-4 வேண்டும், மாதிரியைத் திறப்பதிலேயே கெடுபிடி அதிகம். வைரஸைச் செயலிழக்க வைக்கும் கட்டம் வரைதான் பெரிய ஆபத்து. என்ன வைரஸ் என்றே புரியாத முதல் வாரங்களில் ஒரு படி கூடுதலாகப் பயப்படுவதே சரி.

கேள்வி: பஞ்சு சுற்றிய மரக்குச்சி ஸ்வாப் நிறைய இருக்கிறது. பயன்படுத்தலாமா?

வேண்டாம். மரத்திலிருந்தும், சில ஸ்வாப்களின் இழையான கால்சியம் ஆல்ஜினேட்டிலிருந்தும் வரும் பொருட்கள் பிசிஆரைத் தடுக்கலாம். பிளாஸ்டிக் தண்டில் செயற்கை இழை உள்ளதே சரி. எடுத்ததும் விடிஎம் (வைரஸ் கெடாமல் காக்கும் திரவம்) உள்ள குழாயில் போட்டு 2 முதல் 8 டிகிரியில் வையுங்கள். சுவாச மாதிரி என்றால் 72 மணி நேரத்துக்குள் ஓட்ட வேண்டும், முடியாவிட்டால் மைனஸ் 70 டிகிரியில் வையுங்கள்.

கேள்வி: நோயாளிகளே இன்னும் வரவில்லை. டெஸ்ட் சரியாக வேலை செய்கிறது என்று எப்படி நிரூபிப்பது?

அளவு தெரிந்த செயற்கை ஆர்என்ஏவை, நோயில்லாதவர்களின் மாதிரியில் கலந்து படிப்படியாக நீர்க்கச் செய்யுங்கள். ஒரே செறிவில் 20 முறை ஓட்டி 19 முறையாவது பிடிபடும் மிகக் குறைந்த அளவுதான் உங்கள் கண்டறியும் எல்லை. அடுத்து உறவுக்கார வைரஸ்களையும், அதே அறிகுறி தரும் மற்ற கிருமிகளையும் ஓட்டி எதுவும் பாசிட்டிவ் காட்டவில்லை என்று பாருங்கள். முதல் பாசிட்டிவ்களை வேறொரு நம்பகமான லேபுக்கு அனுப்பி ஒத்துப்போகிறதா என்று கேளுங்கள். இதில் கூச்சமே வேண்டாம்.

கேள்வி: அக்கா, என் வீட்டுக்காரருக்கு ஒரு லேபில் பாசிட்டிவ், இரண்டு நாள் கழித்து இன்னொரு லேபில் நெகட்டிவ். யார் சொல்வது பொய்?

இருவருமே உண்மை சொல்லியிருக்கலாம். வைரஸ் அளவு கண்டறியும் எல்லையை ஒட்டி இருக்கும்போது ஒரே மாதிரியை இரண்டு முறை ஓட்டினாலும் இப்படி வரும். நாளும் முக்கியம். எபோலாவில் அறிகுறி தொடங்கி மூன்று நாள் வரை ரத்தத்தில் பிடிபடாமல் போகலாம், அதனால்தான் திரும்ப எடுப்பார்கள். ரிப்போர்ட்டில் உள்ள சிடி மதிப்பு (எத்தனையாவது சுற்றில் வைரஸ் பிடிபட்டது என்ற எண்) சுமார் 3.3 கூடினால் வைரஸ் பத்தில் ஒரு பங்கு என்று அர்த்தம். ஆனால் வெவ்வேறு கிட்களின் சிடியை ஒப்பிடாதீர்கள்.

கேள்வி: அப்படியென்றால் அறிகுறி இல்லாத எல்லோருக்கும் டெஸ்ட் எடுத்துவிட்டால் என்ன?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 10,000 பேரில் 10 பேருக்குத்தான் நோய். நோயாளிகளில் 95 சதவீதம் பேரைப் பிடிக்கிற, நோயில்லாதவர்களில் 99 சதவீதம் பேரைச் சரியாக விடுவிக்கிற டெஸ்ட் என்று வையுங்கள். உண்மையான பாசிட்டிவ் 9 அல்லது 10 வரும். நோயில்லாத 9,990 பேரில் சுமார் 100 பேர் பொய்ப் பாசிட்டிவ் ஆவார்கள். பாசிட்டிவ் என்று வரும் பதினொரு பேரில் ஒருவருக்குத்தான் நோய். ஆரம்ப நாட்களில் யாருக்கு எடுப்பது என்று கறாராக இருப்பது இதனால்தான். எடுத்தே ஆக வேண்டுமென்றால், வரும் பாசிட்டிவை இன்னொரு மரபணு இடத்தில் உறுதி செய்த பிறகே சொல்ல வேண்டும்.

கேள்வி: ஆன்டிபாடி ரேபிட் கிட் வைத்தே முடித்துவிடலாமே?

ஆன்டிபாடி என்பது வைரஸை எதிர்க்க உடல் தயாரிக்கும் பொருள். அது உருவாக நாளாகும், அதற்குள் ஆள் பரப்பிவிடுவார். சொந்தக்கார வைரஸ்களும் குழப்பும்: டெங்கு வந்துபோனவரின் ரத்தம் ஜிகா டெஸ்டில் பாசிட்டிவ் காட்டலாம்.

கேள்வி: மெஷின் சில மணி நேரத்தில் முடித்துவிடுகிறது. ரிப்போர்ட் வர ஏன் மூன்று நாள்?

பெரும்பாலும் தாமதத்துக்கு மெஷின் காரணமாக இருப்பதில்லை. குழாயில் ஒரு பெயர், படிவத்தில் வேறு பெயர், கையெழுத்து புரியாது, மூடி சரியாக மூடாமல் பெட்டிக்குள் கசிந்திருக்கும். பெட்டி பிரித்து, எண் கொடுத்து, இருவர் சரிபார்த்து உள்ளே அனுப்புவதற்குள் பாதி நாள் போய்விடும். அதனால் லேப் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது: இரண்டாவது மெஷினுக்கு முன்னால் பார்கோடு வாங்குங்கள், பதிவு மேசையில் இன்னோர் ஆளைப் போடுங்கள். 2020இல் பல இடங்களில் மெஷின் சும்மா இருக்க, ஆர்என்ஏ பிரிக்கும் கிட் கிடைக்காமல் வேலை நின்றது. வேறொரு நிறுவனத்தின் கிட்டையும் அவசரம் வருவதற்கு முன்பே சரிபார்த்துப் பதிவு செய்து வையுங்கள்.