அட்வான்ஸ் வாங்கிய மேஸ்திரி வரவில்லை: வீட்டு வேலை கேள்வி பதில்

பெரம்பூர்ப் பக்கம் ரயில்வே குடியிருப்புகளின் பராமரிப்புப் பிரிவில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர், வடசென்னை வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

எங்கள் வீடு 1986-ல் மாமனார் கட்டியது. மொட்டை மாடி ஒழுகுகிறது என்று, தெரிந்தவர் மூலமாக ஒரு மேஸ்திரியைப் பிடித்தோம். பழைய தட்டோட்டைப் பெயர்த்துவிட்டுப் புதுத் தளம் போட 85,000 ரூபாய் பேசி, 50,000 ரூபாயை ஜிபேயில் அனுப்பினோம். இரண்டு நாள் உடைத்தார்கள். அப்புறம் ஆளே இல்லை. போன் போட்டால் "ஊர்ல ஒரு சாவுக்கா, நாளைக்கு வந்துடுறேன்" என்கிறார். மூன்று வாரமாக இதே கதை. போலீசுக்குப் போவதா, வேறு ஆள் வைப்பதா?
வாசகி, தண்டையார்பேட்டை

மேஸ்திரி விஷயம் அப்புறம் இருக்கட்டும். முதலில் மாடிக்கு ஏறுங்கள். உடைத்த தட்டோடும் ஜல்லியும் எப்படிக் கிடக்கின்றனவோ அப்படியே நாலு பக்கமிருந்தும் போட்டோ எடுங்கள். எவ்வளவு இடம் உடைத்திருக்கிறார்கள் என்று டேப் வைத்து நீள அகலம் அளந்து ஒரு தாளில் எழுதுங்கள். அதன் பிறகு ஆள் வைத்து அத்தனை குப்பையையும் கீழே இறக்கிவிடுங்கள். புரட்டாசி பிறந்துவிட்டது. அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை பிடித்தால், அந்த ஜல்லி தண்ணீரைக் குடித்து உட்கார்ந்துகொள்ளும். ரெயின் வாட்டர் பைப்பின் வாய் அடைந்துபோனால் மாடி முழுக்கத் தண்ணீர் தேங்கும். மேல்தளம் உரிக்கப்பட்ட பழைய கான்கிரீட்டுக்கு அந்த பாரமும் ஈரமும் ஆகாது. நல்ல கனமான தார்பாய் வாங்கி, கைப்பிடிச் சுவர் வரை இழுத்துக் கட்டி வையுங்கள்.

இப்போது மேஸ்திரிக்கு வருவோம். அவர் உங்களை ஏமாற்றவே வந்தார் என்று நான் சொல்ல மாட்டேன். இந்தத் தொழிலில் பணம் எப்படி ஓடுகிறது என்று தெரிந்தால் உங்களுக்கே புரியும். சனிக்கிழமை சாயங்காலம் கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் கூலி கொடுத்தே ஆக வேண்டும். திருவொற்றியூரில் முடித்த வேலைக்கு அந்த வீட்டுக்காரர் பாக்கி வைத்திருப்பார். உங்கள் 50,000 அந்தக் கூலிக்குப் போயிருக்கும். உங்கள் வேலைக்குச் சிமென்ட் வாங்க அவருக்கு இன்னொரு வீட்டு அட்வான்ஸ் வேண்டும். அது கிடைத்ததும் அந்த வீட்டில் போய் இரண்டு நாள் உடைப்பார். உங்கள் பணம் அவர் கையில் இல்லை, அதனால்தான் வர முடியவில்லை. சாவு என்று சொல்வது வெட்கத்துக்காக. இதைச் சொல்வது அவரை மன்னிக்க அல்ல, கோபத்தில் இன்னும் பத்தாயிரம் அனுப்பி "வந்து முடிச்சிடுப்பா" என்று கெஞ்சிவிடாதீர்கள் என்பதற்காக. இந்த நிலையில் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

வாட்ஸ்அப்பில் அவருக்குத் தெளிவாக எழுதுங்கள்: இன்ன தேதியில் இவ்வளவு பேசினோம், இவ்வளவு கொடுத்தோம், இவ்வளவு வேலைதான் நடந்திருக்கிறது, ஏழு நாளுக்குள் ஆளோடு வராவிட்டால் வேறு ஆள் வைத்து முடிப்போம், செய்த வேலைக்கான கூலி போக மீதியைத் திருப்பித் தர வேண்டும். போட்டோவையும் ஜிபே ரசீதையும் அதிலேயே போடுங்கள். திட்டி எழுத வேண்டாம், குரல் பதிவும் வேண்டாம். அதே வாசகத்தை ஸ்பீட் போஸ்டிலும் அனுப்புங்கள். உடைத்ததற்கு என்ன மதிப்பு என்று வேறு இரண்டு மேஸ்திரிகளிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கெடு தாண்டினால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுக்கலாம். அதற்கும் மசியவில்லை என்றால் சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. மொத்தமாகக் கான்ட்ராக்ட் பேசிக் கொடுத்த வேலையில் குறை வைப்பது 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் சேவைக் குறைபாடு. கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயம் இல்லை. பிரச்சினை எழுந்ததிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். இந்த மாதிரி விஷயத்தைப் பணம் கொடுக்கல் வாங்கல் என்றுதான் போலீஸ் ஸ்டேஷனில் பெரும்பாலும் பார்ப்பார்கள்.

புது ஆளை வைக்கும்போது பழைய மாதிரி வேண்டவே வேண்டாம். எங்கள் துறையில் எம்-புக் என்று ஒன்று உண்டு. நடந்த வேலையை அளந்து அதில் எழுதாமல் கான்ட்ராக்டருக்குப் பில் போகாது. அந்தப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றவள் நான். வீட்டு வேலைக்கும் அதுதான் சரி, வேலை முன்னால் போக வேண்டும், பணம் பின்னால் வர வேண்டும். சிமென்ட், செங்கல் ஜல்லி, சுண்ணாம்பு, தட்டோடு எல்லாம் நீங்களே கடையில் வாங்கிப் போடுங்கள். மேஸ்திரிக்குக் கூலி மட்டும் பேசுங்கள். முதல் நாள் கையில் கொடுப்பது, அந்த வாரக் கூலியைத் தாண்டக் கூடாது. ஜல்லிக் கான்கிரீட் போட்டு அடித்து முடித்ததும் ஒரு பங்கு. அந்த இடத்தில்தான் நீங்கள் கவனமாக இருக்க வேண்டும். பத்தடிக்கு ஒன்றேகால் அங்குலமாவது பைப் பக்கம் சரிவு இருக்கிறதா என்று நூல் கட்டிக் காட்டச் சொல்லுங்கள். பைப் வாயை அடைத்து, ஓரத்தில் சின்னதாக வரப்புக் கட்டி, 24 மணி நேரம் தண்ணீர் நிறுத்திப் பாருங்கள். கீழே ஓதம் காட்டாவிட்டால் அதற்கப்புறம்தான் தட்டோடு. தட்டோடு ஒட்டி இடுக்கு அடைத்ததும் அடுத்த பங்கு. மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கை நிறுத்தி வைத்து, ஒரு அடைமழை பார்த்த பிறகு கொடுங்கள். இதை முதலிலேயே சொல்லி, ஒரு தாளில் எழுதி, இருவரும் கையெழுத்துப் போடுங்கள். கையெழுத்து என்றதும் முகம் சுளிக்கிற ஆள் உங்களுக்கு வேண்டாம்.

மழைக்கு முன்னால் நல்ல ஆள் கிடைக்கவில்லை என்றால் தார்பாயோடு தையை எதிர்பார்த்திருங்கள். மழைக்கு நடுவில் அவசரமாகப் போட்ட தளத்தை மறு வருஷம் மறுபடி உடைக்க வேண்டியிருக்கும்.

சமையலறைக் கூரையில் பூச்சு பெயர்ந்து கம்பி தெரிகிறது. கொத்தனார் "அரை நாள் வேலைம்மா, பூசி விட்டுடலாம்" என்கிறார். போன வருஷமும் இவர்தான் ஹாலில் பூசினார். அது விழுந்துவிட்டது. கேட்டால் "கடல் காத்தும்மா" என்கிறார்.
வாசகி, காசிமேடு

கடல் காற்று என்று அவர் சொல்வது பொய்யில்லை. உப்பு கான்கிரீட்டுக்குள் இறங்கித்தான் கம்பி துருப்பிடிக்கிறது. துரு, இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இடம் கேட்கும். அதனால் உள்ளேயிருந்து தள்ளி, கான்கிரீட்டைப் பிளந்துகொண்டு வெளியே வருகிறது. துருவை அப்படியே விட்டு மேலே பூசினால் அதையும் தள்ளிவிடும். ஹாலில் நடந்தது அதுதான்.

தட்டிப் பார்த்துத் தொம் தொம் என்று சத்தம் வரும் இடம் முழுவதையும் கொத்தி எடுக்க வேண்டும். கம்பிக்குப் பின்புறமும் விரல் நுழைகிற அளவு கொத்த வேண்டும். கம்பியைக் கம்பி பிரஷ்ஷால் வெள்ளையாகத் தேய்த்து, துரு தடுப்புப் பூச்சு அடித்து, பழையதும் புதியதும் பிடித்துக்கொள்ள ஒட்டு ரசாயனம் தடவி, பாலிமர் கலந்த கலவையால் அடுக்கடுக்காகப் பூச வேண்டும். கம்பி பாதிக்கு மேல் தேய்ந்திருந்தால் பூச்சோடு விடாமல் ஒரு சிவில் என்ஜினீயரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். இத்தனையையும் கொத்தனாரிடம் சொல்லிப் பாருங்கள். "ஆமாம்மா, அப்படித்தான் செய்யணும், ஆனா ரெண்டு மூணு நாள் ஆகும், செலவும் ஆகும்" என்றால் அவரையே வையுங்கள். குறைந்த கூலியில் நீங்கள் கேட்டதால்கூட அவர் அரை நாள் வேலையைச் சொல்லியிருக்கலாம். அந்தக் கூரைக்குக் கீழே தினமும் அடுப்படியில் நிற்பது நீங்கள். தயவுசெய்து இதைத் தள்ளிப் போடாதீர்கள்.

கழிவுநீர் அடைத்துக்கொண்டது. மூன்று பிளம்பர்கள் வருகிறேன் என்று வரவில்லை. நாலாவது ஆள் வந்து, "உள்ள எறங்கி எடுக்க ஒரு பையன் இருக்கான், 1,500 கொடுங்க" என்கிறார். கொடுக்கலாமா?
வாசகர், வியாசர்பாடி

கொடுக்கக் கூடாது ஐயா. எவ்வளவு அவசரமானாலும் யாரையும் உள்ளே இறக்கக் கூடாது. மூடிய தொட்டிக்குள் இருக்கும் ஹைட்ரஜன் சல்பைடு அதிகமானால் மூக்குக்கு வாசனையே தெரியாது, அடுத்த மூச்சில் ஆள் விழுந்துவிடுவார், தூக்கப் போகிறவரும் விழுவார். பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளை இறக்குவது 2013-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம், முதல் முறைக்கே இரண்டு வருடம் வரை சிறையோ 2 லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ கிடைக்கும். அந்தப் பிளம்பரை அனுப்பிவிட்டு 1916-க்கு மெட்ரோ வாட்டரைக் கூப்பிடுங்கள். தெருவில் அடைப்பு என்றால் எடுக்க வேண்டியது அவர்கள்தான். காம்பவுண்டுக்குள் என்றாலும் இயந்திரம் வைத்து எடுக்கிற ஆளைத்தான் வைக்க வேண்டும். பையனுக்கு 1,500 ரூபாய் வேண்டியிருக்கிறது என்பது உண்மைதான். அவனுக்கு வேறு வேலை இருந்தால் கொடுங்கள், இது வேண்டாம்.

நான் டைல்ஸ் ஒட்டுகிறவன். எல்லோரும் எங்களை மட்டும் குறை சொல்கிறீர்கள். ஒரு வீட்டில் குளியலறை, சமையல் மேடை எல்லாம் முடித்தேன். நடுவில் "இதையும் பாத்துடுப்பா" என்று பால்கனியும் செய்ய வைத்தார்கள். கடைசியில் பேசிய பணத்திலேயே 12,000 பிடித்துக்கொண்டார்கள். பால்கனிக்கு ஒன்றுமே இல்லை.
வாசகர், கொருக்குப்பேட்டை

தம்பி, உங்கள் கோபம் நியாயம். மேலே மேஸ்திரியைப் பற்றி எழுதினேனே, திருவொற்றியூரில் பாக்கி வைத்த வீட்டுக்காரர் என்று, உங்களைப் பிடித்தவரும் அந்த ரகம்தான். "இதையும் பாத்துடுப்பா" என்ற பேச்சு வந்ததும் கரணையைக் கீழே வைத்துவிடுங்கள். ஒரு சின்ன நோட்டில் பால்கனி இத்தனை சதுர அடி, அடிக்கு இவ்வளவு என்று எழுதி, வீட்டுக்காரரிடம் அப்போதே கையெழுத்து வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பி "சரி" என்று பதில் வாங்கினாலும் போதும். வேலை முடிந்த அன்று கேட்டால் எவருக்கும் கை சுருங்கும்.

இப்போதைக்குப் பால்கனியை அளந்து, கணக்குப் போட்டு, பழைய பாக்கியோடு சேர்த்து அவர்களுக்கு எழுத்தில் அனுப்புங்கள். எதனால் 12,000 பிடித்தார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். ஓர் ஓடு சத்தம் கொடுக்கிறது, சரிவு சரியில்லை என்று குறை சொன்னால் போய்ச் சரிசெய்து கொடுங்கள். குறையே சொல்லாமல் இழுத்தடித்தால் வக்கீல் நோட்டீஸ் அனுப்பலாம். உங்களுக்கு வசதியில்லை என்றால் உயர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச உதவி கேளுங்கள்.

நீங்கள் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் சேர்ந்திருக்கிறீர்களா என்று எழுதவில்லை. வயது 18-லிருந்து 60-க்குள் இருந்தால் சேரலாம், டைல்ஸ் வேலையும் கட்டுமான வேலைதான். பிள்ளைகள் படிப்புக்கு, விபத்துக்கு, அறுபது வயதுக்குப் பின் ஓய்வூதியத்துக்கு என்று உதவிகள் இருக்கின்றன. உங்களோடு வேலை செய்யும் சித்தாள் பெண்களையும் சேர்த்துவிடுங்கள்.