சார்ஜரைக் கழற்றினால் கரன்ட் பில் குறையுமா? – வாசகர் கேள்விகளும் பதில்களும்

செல்போன் சார்ஜரை பிளக்கிலேயே விட்டுவிடுகிறேன் என்று மாமியார் தினமும் கடிந்துகொள்கிறார். உண்மையிலேயே அவ்வளவு கரன்ட் போகிறதா?

கழற்றிவிடுங்கள், வீட்டில் அமைதியாவது மிச்சமாகும். கரன்ட் பெரிதாக மிச்சமாகாது. 4,000 எம்ஏஎச் பேட்டரியை ஒருமுறை முழுதாக ஏற்ற, சூடாக வீணாவதையும் சேர்த்து ஏறக்குறைய 20 வாட்-மணி செலவாகும். 50 முறை ஏற்றினால்தான் ஒரு யூனிட். தினமும் ஏற்றினாலும் வருடத்துக்கு 7 யூனிட்டைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். போன் இல்லாமல் சும்மா சொருகியிருக்கும் தரமான சார்ஜர் இதைவிட மிகக் குறைவாகவே இழுக்கும்.

இப்போது குளியலறைக்கு வாருங்கள். 15 லிட்டர் வாளித் தண்ணீரை 25 டிகிரி சூடேற்றக் குறைந்தது 0.44 யூனிட் வேண்டும். ஒருவர் 17 நாள் வெந்நீரில் குளித்தால் போனின் ஒரு வருடக் கரன்ட் காலி. ஆனை போவது தெரியாது, பூனை போவது தெரியும் என்பது இதுதான். வீட்டில் எதையாவது சூடாக்கும் கருவி, எதையாவது குளிராக்கும் கருவி, இவை இரண்டையும் முதலில் கவனியுங்கள். ஹீட்டரின் வெப்ப அளவைக் கொஞ்சம் இறக்கி வைப்பது, துணிகளைச் சேர்த்துவைத்து ஒரே மூச்சில் இஸ்திரி போடுவது, ஃப்ரிட்ஜ் கதவின் ரப்பர் தளர்ந்திருக்கிறதா என்று பார்ப்பது எல்லாம் பில்லில் தெரியும். ரப்பரைச் சோதிக்க ஒரு தாளைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுங்கள். தடையில்லாமல் கையோடு வந்தால் குளிர் அந்த வழியாகத்தான் போகிறது.

பெரிய பாக்கெட்டாக வாங்கினால் லாபம்தானே?

விலையை எடையால் வகுத்துப் பார்த்தால் பெரும்பாலும் லாபம்தான். ஆனால் எப்போதும் அல்ல, அதனால் 100 கிராமுக்கு எவ்வளவு என்று கடையிலேயே நின்று பார்த்துவிடுங்கள். எனக்குச் சந்தேகமெல்லாம் வீட்டுக்கு வந்த பிறகு நடப்பதில்தான். ஷாம்பு பாட்டில் நிறைந்திருக்கும்போது கை தாராளமாகக் கவிழ்க்கும். அடியில் தங்கியதும் அதே கை சொட்டுச் சொட்டாக எடுக்கும்.

ஒரு சின்னச் சோதனை செய்யுங்கள். பிரிக்கும் அன்று பாக்கெட்டின் மேல் பேனாவால் தேதி எழுதுங்கள். அரை கிலோ துணி சோப்புத் தூள் 30 நாள் வந்தது என்றால் ஒரு கிலோ 60 நாள் வரவேண்டும். 45-ஆம் நாளே தீர்ந்துவிட்டதா? அப்படியானால் கிலோவுக்கு 20 சதவீதம் தள்ளுபடி வாங்கியிருந்தாலும், ஒரு நாள் கணக்கில் முன்பைவிடச் சுமார் 7 சதவீதம் கூடுதலாகச் செலவழித்திருக்கிறீர்கள். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். டப்பாவுக்குள் ஒரு கரண்டி போட்டு வையுங்கள், போதும்.

கொதி வந்ததும் தீயைக் குறைத்தால் வேக அதிக நேரம் ஆகாதா?

ஆகாது. திறந்த பாத்திரத்தில் தண்ணீர் சுமார் 100 டிகிரிக்கு மேல் போகாது. நீங்கள் கூட்டும் தீ ஆவியாக்கத்தான் பயன்படும். 30 டிகிரித் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர ஆகும் வெப்பத்தைப்போல ஏழு மடங்குக்கு மேல் அதை முழுதும் ஆவியாக்கச் செலவாகும். தளதளவென்று பொங்கவேண்டிய அவசியமில்லை, மூடிபோட்டு லேசாகக் கொதித்துக்கொண்டிருந்தால் போதும்.

குழாய் சொட்டுகிறது. பிளம்பரைக் கூப்பிடும் அளவுக்கு விஷயமா?

பத்து நிமிடம் ஒரு டம்ளரை அடியில் வைத்து, சேர்ந்ததை 144-ஆல் பெருக்குங்கள். அதுதான் ஒரு நாள் இழப்பு. பல நேரங்களில் உள்ளேயிருக்கும் வாஷர் தேய்ந்திருக்கும், நீங்களே மாற்றிவிடலாம். கழிப்பறைத் தொட்டியையும் பாருங்கள். அதில் சில துளி உணவு நிறமி கலந்து அரை மணி நேரம் தொடாமல் விடுங்கள். கோப்பையில் நிறம் இறங்கியிருந்தால் சத்தமே இல்லாமல் கசிகிறது.

மாதம் தவறாமல் சேமிப்புக் கணக்கில் போடுகிறேன். கிரெடிட் கார்டில் பழைய பாக்கி இருக்கிறது, அதற்குக் குறைந்தபட்சத் தொகை கட்டிவருகிறேன். சரியாகத்தானே போகிறேன்?

மன்னிக்கவும், இல்லை. கார்டு பாக்கிக்கு மாதம் 3 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் வருடத்துக்கு 36 என்று தோன்றும். வட்டிக்கு வட்டி ஏறுவதால் உண்மையில் 42 சதவீதத்தைத் தாண்டும். சேமிப்புக் கணக்கு 4 சதவீதம் தருகிறது என்றால், ஒரு கையால் 4 வாங்கி மறு கையால் 42 கொடுக்கிறீர்கள். போதாததற்கு, பாக்கி நிற்கும்வரை பல கார்டுகளில் புதிதாக வாங்கும் பொருளுக்கும் வட்டியில்லாத நாட்கள் கிடைக்காது. வாங்கிய அன்றே மீட்டர் ஓட ஆரம்பித்துவிடும்.

ஒரு மாதச் செலவுக்கானதை அவசரத்துக்கென ஒதுக்கிவிட்டு, மற்றதையெல்லாம் பாக்கியில் போடுங்கள். அது தீரும்வரை கார்டு அலமாரியில் இருக்கட்டும். நீங்கள் சோப்பிலும் கரன்ட்டிலும் ஒரு வருடம் பிடித்து வைப்பதை இந்த வட்டி சில மாதங்களிலேயே தின்றுவிடக்கூடும்.

எதில் சிக்கனம் பார்க்கக் கூடாது?

நைந்த வயர், தேய்ந்த பிரேக், பல் சொத்தை. இஸ்திரிப்பெட்டி வயரை டேப் சுற்றியே இரண்டு வருடம் ஓட்டியவன் நான். ஒருநாள் புகை வந்து, மேசை விரிப்போடு சட்டையும் போனது. புது வயரின் விலை அந்தச் சட்டையின் விலையில் பாதிகூட இல்லை. பல் விஷயமும் அப்படித்தான். சொத்தை சிறிதாக இருக்கும்போது அடைப்பதோடு முடிந்துவிடும். வலி தாங்காமல் போனால் வேர் சிகிச்சை, அதற்குமேல் உறை என்று நீளும்.